தக்காளிக் கணக்கும் கீரைக் கணக்கும்

2023 ஜூலையில் சென்னையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியது. ரேஷன் கடைகளில் அரசு 60 ரூபாய்க்கு விற்றது. அதற்கும் வரிசை நின்றது. பலருக்கு மொட்டைமாடியின் நினைவு வந்தது அந்த நாட்களில்தான். எங்களுக்கும் வந்தது. குரோ பேக் இருபது, தென்னைநார்க் கழிவுக் கட்டிகள், மண்புழு உரம், வேப்பம் பிண்ணாக்கு, வண்ணப்படம் போட்ட விதைப் பொட்டலங்கள், பூவாளி, பச்சை நிழல்வலை என்று வாங்கிச் சேர்த்ததில் 6,000 ரூபாய்க்குச் சற்று மேலே ஆயிற்று. நாற்றுவிட்டு, பிடுங்கி நட்டு, முதல் பழம் சிவந்தபோது அக்டோபர் பிறந்துவிட்டது. கடைத்தெருவில் விலை எப்போதோ விழுந்திருந்தது. வெள்ளை ஈ கொண்டுவரும் இலைச்சுருட்டல் நோய்க்குத் தப்பிய ஆறு செடிகளிலிருந்து மொத்தம் மூன்று கிலோ பழம் கிடைத்தது. கிலோ 2,000 ரூபாய்த் தக்காளியில் ரசம் வைத்துச் சாப்பிட்டோம். ருசியாகத்தான் இருந்தது, அந்த விலைக்கு இல்லாமல் எப்படி?

இதை இவ்வளவு விலாவாரியாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. வீட்டிலேயே காய்கறி விளைவித்தால் செலவு மிச்சம் என்ற பேச்சு இன்று எங்கும், எந்தக் கணக்கும் காட்டப்படாமல், சொல்லப்படுகிறது. அது பொய் என்று வாதிட நாங்கள் வரவில்லை. எதை விதைக்கிறோம், எதில் விதைக்கிறோம், அதற்காக எவற்றைக் காசு கொடுத்து வாங்குகிறோம் என்பதைப் பொறுத்து அது மெய்யாகவும் இருக்கலாம், பொய்யாகவும் இருக்கலாம். அந்த ஆண்டு நாங்கள் தோட்டம் போடவில்லை; தோட்டத்தை விலைக்கு வாங்கினோம். விலைக்கு வாங்கிய தோட்டம் மலிவாக இருக்க வழியே இல்லை என்பது எங்கள் அபிப்பிராயம்.

கொல்லையை நினைத்துப் பார்க்கலாம். தஞ்சைப் பக்கம் கொல்லை, கொங்கில் பொடக்காலி, பொதுவாகப் புழக்கடை. சங்க நூல்களில் படப்பை என்றொரு சொல் வருகிறது. தாம்பரத்தைத் தாண்டினால் அதே பெயரில் ஓர் ஊரும் இருக்கிறது, இன்று அங்கே மனைப்பிரிவுகள் முளைத்துக்கொண்டிருக்கின்றன. சொல் எதுவானாலும் பொருள் ஒன்று: வீட்டின் பின்வாசலைத் தாண்டியதும் கிடக்கும் கொஞ்சம் மண். அங்கே யாரும் எதையும் வாங்கிவந்து வைத்ததாக எங்களுக்கு நினைவில்லை. குளிக்கிற தண்ணீர் ஓடுகிற வாய்க்காலில் வாழையும் சேம்பும். பாத்திரம் துலக்கும் கல்லைச் சுற்றிப் பொன்னாங்கண்ணி. கிணற்றடியில் கறிவேப்பிலை. குப்பைக்குழியின் மேல் தானாக முளைத்துப் படர்ந்த பூசணி. மாட்டுக்கொட்டகைக் கூரைமேல் சுரை. கம்பளிப்பூச்சிக்குப் பயந்து வீட்டைவிட்டுத் தள்ளி ஒரு மூலையில் முருங்கை. கொல்லை என்பது தனியாக மெனக்கெட்டுச் செய்த வேலை அல்ல. வீட்டில் நடந்த மற்ற வேலைகளின் வால்நுனி அது. வீடு எதைக் கழித்ததோ அதைக் கொல்லை உண்டது. அதனால்தான் அது இலவசமாக இருந்தது.

அதற்காகப் பழங்கொல்லையைப் பற்றி உருகவும் வேண்டியதில்லை. உலர் கக்கூஸ் இருந்ததும் அதே கொல்லையில்தான். அதைச் சுமந்து வெளியேற்ற வந்த மனிதர்கள் முன்வாசல் வழியாக வரக்கூடாதென்று அந்தச் சந்தும் பின்கதவும் வைக்கப்பட்டதும் அங்கேதான். கொல்லை எல்லாருக்கும் இருக்கவுமில்லை. மனை சொந்தமில்லாதவர்கள் குடிசைக் கூரையிலேயே சுரையை ஏற்றினார்கள். சொல்லப்போனால், இன்று வாடகை வீட்டில் இருக்கும் நாம் கற்றுக்கொள்ள வேண்டியது ஐந்துகட்டு வீட்டுக் கொல்லையிடமிருந்து அல்ல, அந்தக் குடிசைக் கூரையிடமிருந்துதான்.

இரண்டாம் முறை ஒரு பைசாவும் புதிதாகச் செலவழிப்பதில்லை என்று தீர்மானித்துக்கொண்டோம். (மண்வெட்டிக்குப் பிடி போட 80 ரூபாய் ஆயிற்று; அதை ஒப்புக்கொள்கிறோம்.) மீன் கடையில் தூக்கியெறியும் தெர்மாகோல் பெட்டிகள் எட்டு கிடைத்தன. பெயின்ட் வாளிகள், காது உடைந்த பிளாஸ்டிக் வாளி, சாயம்போன அண்டா. அரிசிச் சாக்கையும் முயன்றோம். ஒரு கோடை வெயிலில் அது நைந்து, தொட்ட இடமெல்லாம் பிளாஸ்டிக் பொடியாய் உதிர்ந்து மண்ணில் கலந்தது. சாக்கு வேண்டாம்.

மண்தான் பெரிய செலவு, ஏனெனில் நகரத்தில் மண்ணும் விற்பனைப் பொருள். வீடு கட்டும் இடத்தில் அடித்தளம் தோண்டியதில் இரண்டு மூட்டை கேட்டு வாங்கினோம். முதல் தோல்வியில் மிஞ்சிய தென்னைநார்க் கழிவைப் பலமுறை தண்ணீரில் அலசிக் கலந்தோம். சரியாக அலசாத நார்க்கழிவில் உப்பு தங்கியிருக்கும். எங்கள் முதல் நாற்றுகளில் பாதி நுனி கருகியதற்கு அதுவே காரணம் என்று பிறகுதான் விளங்கியது. ஓட்டை போட்ட வாளியில் காய்கறித் தோலும் தெருவில் கூட்டிய காய்ந்த சருகும் அடுக்கடுக்காகப் போட்டு மட்கவிட்டோம். முதல் வாளி நாறியது. கீழ்வீட்டு மாமி மூன்றாம் நாளே மாடியேறி வந்து, "என்னத்தப்பா செத்துக் கெடக்கு இங்க?" என்று கேட்டார். ஈரம் அதிகம், சருகு குறைவு, அவ்வளவுதான். தோல் ஒரு பங்கென்றால் சருகு இரண்டு பங்காவது வேண்டும். அதைச் சரிசெய்தபின் மாமியே தன் வீட்டுத் தோல்களை மேலே அனுப்ப ஆரம்பித்துவிட்டார்.

விதைத்தது கீரை. தக்காளி நூறு நாள் காக்கவைக்கும், அதற்குள் பத்து நோய் வரும். முளைக்கீரை இருபத்தைந்து நாளில் கைக்கு வந்துவிடும்; அரைக்கீரையைக் கிள்ளக் கிள்ள மறுபடி துளிர்க்கும். வெந்தயம் அஞ்சறைப்பெட்டியிலேயே இருக்கிறது. கொத்தமல்லி விதையை லேசாகத் தேய்த்து இரண்டாக உடைத்துப் போட்டால் அதுவும் முளைக்கும். கடையில் வாங்கிய புதினாவில் இலையை ஆய்ந்துகொண்டு தண்டை நட்டால் போதும். பொன்னாங்கண்ணிக்கும் கொடிப்பசலைக்கும் அதே வழி. கீரை விதை பொடியானது. மணலோடு கலந்து தூவ வேண்டும், இல்லாவிட்டால் ஓரிடத்தில் குவிந்துவிடும். எறும்பு இழுத்துப் போகும் என்பதால் சுற்றிலும் கொஞ்சம் ரவையைத் தூவுகிறார்கள். எறும்பு ரவையைத் தூக்குகிற மும்முரத்தில் விதையை மறந்துவிடுகிறது. படித்தபோது நம்பவில்லை, செய்து பார்த்தபோது பலித்தது.

இனிக் கணக்கு. வாரத்துக்கு இரண்டு பெட்டி விதைத்தால், நான்கு வாரத்தில் எட்டுப் பெட்டியும் ஒரு சுற்று வரும். பெட்டிக்கு ஒரு கட்டுக் கீரை. எங்கள் தெருவில் கட்டு 20 ரூபாய். ஆகவே வாரம் 40, மாதம் 160 ரூபாய். சிரிக்கலாம், நாங்களும் சிரித்தோம். ஆனால் இதோடு, பத்து ரூபாய்க்கு வாங்கி நாலு இணுக்கு கிள்ளியபின் குளிர்ப்பெட்டியில் வாடி அழுகும் புதினா, மல்லி, கறிவேப்பிலை ஆகியவற்றையும் சேர்க்க வேண்டும். வாங்கியதில் பாதியை எறிகிற வீட்டில், வேண்டும்போது வேண்டிய அளவு கிள்ளுவதே பெரிய மிச்சம். எப்படிப் பார்த்தாலும் இது ஒரு குடும்பத்தின் காய்கறிச் செலவில் ஒரு மூலைதான். மாடித்தோட்டத்தால் மளிகைக் கடைக்கே போகவேண்டாம் என்று சொல்பவர்களிடம் அவர்கள் கணக்குப் புத்தகத்தைக் கேட்டுப் பார்க்கலாம்.

பழம் என்று வந்தால் மாடியைவிட மதிலோரத்து இரண்டடி மண் மேல். பப்பாளி விதையை எல்லாரும் துப்பி முளைக்கவைத்திருப்பார்கள். ஆளுயரம் வளர்ந்து சரம்சரமாய்ப் பூத்து, ஒரு காய்கூடப் பிடிக்காமல் நின்றதையும் பார்த்திருப்பார்கள். அது ஆண்மரம். பப்பாளியில் ஆண் பெண் தனித்தனியாக வரும் இனங்கள் உண்டு, ஒரே பூவில் இரண்டும் கூடிய இனங்களும் உண்டு. கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகம் வெளியிட்டவற்றில் கோ-2 முதல் வகை, கோ-7 இரண்டாவது. என்ன இனமென்று தெரியாத விதையானால் ஒரே குழியில் மூன்று நான்கு கன்றுகளை விட்டு, பூத்தபின் ஆணைக் களைவதே சிக்கனம். முருங்கைக்கு யாரிடமாவது ஒரு போத்து வாங்கி நட்டால் போதும். விதையிலிருந்தே வளர்க்க விரும்பினால் பெரியகுளத்திலிருந்து வந்த பி.கே.எம்.-1 இருக்கிறது, ஆறேழு மாதத்தில் காய்க்கும். காய்க்காக அல்ல, இலைக்காகவே முருங்கை வைக்கலாம் என்போம். மழைக்காலத்தில் காய் விலை ஏறி மனிதர்கள் அதைப் பெருமூச்சோடு பார்க்கும்போதும், இலை கேட்பாரற்றுக் கிடக்கும்.

தண்ணீர் விஷயத்தில் பழைய கொல்லையை அப்படியே பின்பற்ற முடியாது. அந்தத் தண்ணீரில் சாம்பலும் புளியும் அரப்பும் இருந்தன, நம்முடையதில் சோப்புத்தூள். துணி துவைத்த நீரைக் கீரைக்கு விடலாகாது. அரிசி, பருப்பு, காய்கறி அலம்பிய நீரே எட்டுப் பெட்டிக்கும் பெரும்பாலும் போதுமாக இருந்தது. 2019 கோடையில் லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்ற ஊர் இது. அடுத்த 2019 வரும்போது குடிநீரைச் செடிக்கு ஊற்ற எவருக்கும் மனம் வராது, வரவும் கூடாது.

பற்றாக்குறை வந்தபின் தோட்டத்தைக் கூப்பிட்டால் அது வராது. 2022 ஜூனில் இலங்கை அரசு, வீட்டுத்தோட்டம் போடுவதற்காக அரசு ஊழியர்களுக்கு மூன்று மாதங்கள் வெள்ளிக்கிழமை விடுமுறை அறிவித்தது. அதற்கு முந்தைய ஆண்டுதான் ரசாயன உர இறக்குமதியை ஒரே நாளில் தடைசெய்து விளைச்சலைச் சரித்திருந்தது. விடுமுறை கொடுக்கலாம், மட்கிய மண்ணையும் கையிருப்பு விதையையும் ஒரு வெள்ளிக்கிழமையில் உண்டாக்க முடியாது. விலை ஏறிய ஜூலையில் தக்காளி விதை தேடி ஓடிய எங்களுக்கு அதைச் சொல்லும் தகுதி கொஞ்சம் இருக்கிறது.

விதையைத்தான் முதலில் பேசியிருக்க வேண்டும். வண்ணப் பொட்டலங்களில் பல வீரிய ஒட்டு விதைகள். அந்தக் காயிலிருந்து விதை எடுத்து மறுபடி போட்டால் தாயைப்போல் பிள்ளை வராது. ஒவ்வொரு பட்டத்துக்கும் கடைக்குப் போக வேண்டும். செலவை மிச்சப்படுத்துவதாகச் சொல்லிக்கொள்ளும் ஒரு காரியம், அதன் வேரிலேயே வருஷாந்திரச் சந்தாவாக மாறிவிடுகிறது. கொல்லைக்காரிகள் (பெரும்பாலும் பெண்கள்தான்) பூசணி, பாகல் விதைகளைச் சாணத்தில் பொதித்துச் சுவரில் அப்பிவைத்தார்கள். சுரைக்குடுக்கையில் சாம்பலோடு கலந்து பரணில் வைத்தார்கள். விதை மாற்று உறவாயிருந்தது. எங்கள் பக்கத்துத் தெருவில் ஒரு பாட்டி, அவரை விதை பதினைந்தை நாள்காட்டித் தாளில் மடித்துக் கொடுத்தார். "காச்சதும் பத்தாத் திருப்பிக் குடுத்துரணும், மறந்துராதீங்க" என்றார். விலை இல்லை, கடன் உண்டு. அவரை பெரும்பாலும் தன்மகரந்தச் சேர்க்கை ஆகையால், விதைக்கென்று நாலு நெற்றை முற்றவிட்டாலே அடுத்த ஆண்டுக்குக் கவலையில்லை.

தமிழக அரசு 2013-14-இல் சென்னையிலும் கோவையிலும் தொடங்கி மானிய விலையில் மாடித்தோட்டப் பைகளைத் தந்துவருகிறது. நல்ல எண்ணம். ஆனால் அந்தப் பெட்டகம் சென்று சேர்வது மாடி உள்ளவரிடம். மாடி இல்லாதவருக்குத்தான் காய்கறி விலை சுடுகிறது. பை கொடுப்பதைவிட, வார்டுக்கு ஓரிடத்தில் மட்கிய உரமும் நாட்டு விதையும் முருங்கைப் போத்தும் வந்து எடுத்துக்கொள்ளும்படி வைத்தால் குறைந்த செலவில் அதிகப் பேருக்குப் போய்ச் சேரும் என்று தோன்றுகிறது.

சென்ற ஆண்டு வீட்டுக்காரர் மேலே வந்து பார்த்தார். தளத்தில் ஓதம் இறங்குகிறது என்றார். அது எங்கள் பெட்டியால் அல்ல, பழைய விரிசலால் என்று நாங்கள் நினைத்தோம். இருந்தாலும் அவர் பயம் நியாயமற்றதல்ல. நனைந்த மண் நிரம்பிய ஒரு பெரிய பை எளிதில் 25 கிலோவைத் தாண்டும், அதைத் தளத்தின் நடுவில் வரிசையாக அடுக்கினால் எந்த வீட்டுக்காரருக்கும் வயிற்றைக் கலக்கும். பங்குனியில் வீடு மாறினோம். மதிலோரத்து முருங்கையும், அப்போதுதான் காய்விடத் தொடங்கிய பப்பாளியும் அங்கேயே நிற்கின்றன. அடுத்துக் குடிவந்தவர்கள் பறிக்கிறார்கள் என்று கீழ்வீட்டு மாமி சொன்னார்.

இப்போதைய வீட்டில் மாடி பூட்டியிருக்கிறது. பால்கனியில் காலையில் மூன்று மணிநேரம் வெயில் விழும். பெட்டிகளில் மூன்றைத்தான் கொண்டுவர முடிந்தது. புதினாவும் வெந்தயமும் முளைத்திருக்கின்றன. பாட்டிக்குப் பத்து விதையைத் திருப்பிக் கொடுத்தது போக மீதி அவரை விதை கடுகு டப்பாவில் இருக்கிறது. ஆடி பிறந்ததும் கம்பிக்கிராதியில் ஏற்றிப் பார்க்க உத்தேசம்.