ஒன்பது அலகில் விண்வெளி!

வெள்ளவத்தையில் கடலை நோக்கிய ஒழுங்கையொன்றிலே, தொடர்மாடி வீட்டில் வசிக்கும் தம்பி ஒருவன் சென்ற வாரம் எம்மைத் தேடி வந்தான். உயர்தரத்தில் கணிதம் பயில்பவன். பழைய பொம்மை மோட்டார்களையும் கழித்துவிட்ட பற்றரிகளையும் கொண்டு ட்ரோன் ஒன்றைத் தானே செய்து வைத்திருக்கிறான். "ஐயா, இது மொட்டைமாடிக்கு மேல் எழும்புகிறது. விண்வெளிக்கு அனுப்புவதாயின் எந்தச் சக்தியைப் பூட்டலாம்?" என்று கேட்டான்.

எம்மோடிருந்த கொட்டாஞ்சேனைப் பெரியவர் வாய்விட்டுச் சிரித்தார். "இந்த மாத மின்கட்டணத்துக்கு முதலில் வழி பார், தம்பி" என்றார். நாம் சிரிக்கவில்லை. கடதாசியையும் பென்சிலையும் எடுத்துக் கணக்குப் போட்டோம். விடையைக் கண்டபின் பெரியவரின் சிரிப்பும் அடங்கிவிட்டது.

விண்வெளி நாம் நினைப்பதுபோல் அத்துணை தொலைவில் இல்லை. கடல்மட்டத்திலிருந்து 100 கிலோமீற்றர் உயரத்தில் அது தொடங்குவதாகக் கொள்வர். கொழும்பிலிருந்து கண்டிக்குப் போகும் தூரம்கூட இல்லை. ஆனால் அங்கே போனால் மட்டும் போதாது. விழாமல் நிற்க வேண்டும். அதற்கு நொடிக்கு ஏறத்தாழ 7.8 கிலோமீற்றர் வேகம் தேவை. வெள்ளவத்தையில் புறப்பட்டு ஒரே நொடியில் கொட்டாஞ்சேனையில் இறங்குவது போன்ற வேகம் அது! காலி வீதி நெரிசலில் அதே பயணத்துக்கு ஒரு மணி நேரம் செலவிடும் எமக்கு இது தேவலோகச் செய்திதான்.

ஒரு கிலோ எடையுள்ள பொருளை 400 கிலோமீற்றர் உயரத்துக்கு ஏற்றி, அந்த வேகத்தையும் ஊட்டத் தேவையான சக்தி எவ்வளவு? வீட்டு மின்மானிக் கணக்கில் சுமார் ஒன்பது அலகு! ஒன்பதே அலகு! "அப்படியானால் நானே கட்டிவிடுவேன்" என்று பெரியவர் சட்டைப் பையில் கைவைத்தார்.

சிக்கல் அதன் பின்னர்தான் வருகிறது. ஒரு கிலோ லிதியம் பற்றரியில் அடங்குவது கால் அலகு அளவே. ஒன்பது அலகுக்கு 36 கிலோ பற்றரி வேண்டும். அந்த 36 கிலோவையும் தூக்குவது யார்? அதன் ஒவ்வொரு கிலோவுக்கும் இன்னொரு 36 கிலோ. ஆக 1,296 கிலோ. அதைத் தூக்க மேலும் பற்றரி! கடனை அடைக்கக் கடன், அந்தக் கடனின் வட்டிக்கு வேறொரு கடன் என்று போய், 2022 ஏப்பிரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட இயலாது என அறிவித்த இந்நாட்டு மக்களுக்கு இக்கணக்கை விளக்க ஆசிரியர் வேண்டியதில்லை.

விசிறிக்கும் ஒரு குறை உண்டு. காற்றைக் கீழே தள்ளியே அது மேலே எழும்புகிறது. காற்றில்லா வெளியில் எதைத் தள்ளும்? செவ்வாயில் 2021 ஏப்பிரலில் பறந்த இன்ஜெனியுற்றி என்னும் சிறு ஹெலிகொப்டர் 1.8 கிலோ எடைதான். பூமியின் காற்றடர்த்தியில் நூற்றில் ஒரு பங்கே உள்ள அவ்விடத்தில், சூரிய ஒளியால் பற்றரியை நிரப்பிக்கொண்டு 72 தடவை பறந்தது. ஆனால் செவ்வாய்வரை அதைச் சுமந்து சென்றது ரொக்கற்றே.

"மண்ணெண்ணெய் ஊற்றிப் பார்த்தால் என்ன?" என்றார் பெரியவர். நகையாடுவதாக அவர் எண்ணினார், விஞ்ஞானத்தையே சொல்லிவிட்டார்! 1969இல் மனிதரைச் சந்திரனுக்கு ஏற்றிச்சென்ற சற்றேண் 5 ரொக்கற்றின் முதற்கட்டம் எரித்தது, நன்கு சுத்திகரித்த மண்ணெண்ணெயைத்தான். அதனுடன் திரவ ஒட்சிசனையும் சேர்த்து, சுமார் 7,70,000 லீற்றர் எண்ணெயை இரண்டரை நிமிடத்தில் அது குடித்து முடித்தது.

மண்ணெண்ணெய் என்றதும் எம் கமக்காரர் நிமிர்ந்து உட்காருவர். 1990களில் பொருளாதாரத் தடை யாழ்ப்பாணத்தை இறுக்கியபோது, சில துளி பெற்றோலில் இயந்திரத்தைக் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டியவர்கள் நம்மவர்கள். சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டார்கள். ஜாம் போத்தலில் திரியிட்ட சிக்கன விளக்கில் பிள்ளைகள் சோதனைக்குப் படித்தார்கள். பொறியியல் மூளைக்கு அன்று பஞ்சமில்லை, எண்ணெய்க்குத்தான் பஞ்சம். 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரே பாய்ச்சலில் 340 ரூபாவுக்கு ஏறியதே, அந்த வேகத்தில் நம் தம்பியின் ட்ரோன் ஏறியிருந்தால் இந்நேரம் சந்திரனைக் கடந்திருக்கும்!

அரசாங்கத்தாரும் வான்வெளியில் அக்கறை இல்லாதவர் அல்லர். 2020 யூலையில், இராவண மன்னன் விமானமோட்டிய வரலாறு குறித்த நூல்களும் ஆவணங்களும் இருப்பின் தந்துதவுமாறு பொதுமக்களைப் பத்திரிகை விளம்பரம் மூலம் கேட்டார்கள். புட்பக விமானத்துக்கு எரிபொருள் எது என்று அதில் கேட்டிருந்தால் எரிபொருள் வரிசைகளாவது குறைந்திருக்கும். 2025 பெப்ரவரி 9ஆம் நாள் பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கொன்று புகுந்ததால் நாடு முழுவதும் இருளில் மூழ்கியதாக அறிவித்தார்கள். அன்றைய குரங்கு இலங்கைக்குத் தீ வைத்தது. இன்றைய குரங்கு விளக்கை அணைத்தது. இதிகாசம் முன்னேறித்தான் இருக்கிறது!

வேடிக்கை போகட்டும். அதே இராவணன் பெயரில் உண்மையாகவே ஒன்று பறந்தது. 2019 ஏப்பிரலில் அமெரிக்க ரொக்கற்றில் ஏறி, யூன் 17ஆம் நாள் சர்வதேச விண்வெளி நிலையத்திலிருந்து விடப்பட்ட இராவணா-1 என்னும் செய்மதி ஒரு கிலோவுக்குச் சற்று மேற்பட்டது. சூரிய ஒளியே அதற்குச் சக்தி. தரிந்து தயாரத்ன, துலானி சாமிகா என்னும் இலங்கை இளம் பொறியியலாளர் இருவர் ஜப்பானின் கியூஷு தொழில்நுட்ப நிறுவனத்தில் அதை உருவாக்கினர். பழம்பெருமை அதைப் பறக்க வைக்கவில்லை; ஆய்வுகூடம் பறக்க வைத்தது.

இன்னொன்றையும் மறத்தல் ஆகாது. வன்னி மக்களுக்கு ஆளில்லா விமானம் புதுமையன்று. போர்க்காலத்தில் தலைக்குமேல் இரைந்து திரிந்த அதை 'வண்டு' என்றே அவர்கள் அழைத்தார்கள். அவ்விரைச்சல் கேட்டால் பிள்ளைகளைப் பதுங்குகுழிக்குள் இறக்கினார்கள். அதே வண்டு இன்று வயலுக்கு மருந்து தெளிக்கவல்லது. பயிரின் நோயைக் காட்டவல்லது. அச்சத்தின் பெயராய் இருந்ததை ஆக்கத்தின் கருவியாக்கும் காரியம், அதைத் தம் கையாலே செய்து பார்க்கும் பிள்ளைகளால்தான் ஆகும்.

ஆகவே நாம் கேட்பது பெரிதன்று. ட்ரோன் பறக்கவிட அனுமதி வேண்டும் என்பதை ஒப்புகிறோம். 2019 உயிர்த்த ஞாயிறுக் கொடுமைக்குப் பின் எச்சரிக்கை தவறென்று எவரும் சொல்லார். ஆனால் மாணவனுக்கும் கமக்காரனுக்கும் அவ்வனுமதி எளிதாகவும் தமிழிலும் கிடைக்கட்டும். பாடசாலை ஆய்வுகூடத்தின் பூட்டு பரீட்சை நாளுக்கு மட்டும் திறவாதிருக்கட்டும். வைத்தியர், பொறியியலாளர், கணக்காளர் என உயர்ந்துவிட்ட நம்மவர்கள், தத்தம் ஊர்ப் பாடசாலைக்கு மாதத்தில் ஒருநாள் போய் ஒரு மோட்டாரையாவது பிரித்துக் காட்டட்டும்.

தம்பியின் ட்ரோன் விண்வெளிக்குப் போகாது. அதை அவனிடமே சொல்லிவிட்டோம். அவன் சோரவில்லை. "அப்படியானால் ரொக்கற்றின் கணக்கைச் சொல்லித்தாருங்கள்" என்றான். நம் இனத்துக்கு வேண்டிய எரிபொருள் இந்தக் கேள்விதான். அதற்கு விலை ஏற்றவும் வரிசை வைக்கவும் எந்த அரசாலும் இயலாது. அணைத்துவிடாமல் காப்பது மட்டுமே நம் கடன்.