யார் அந்த 'மக்கள்'? பிலடெல்பியா முதல் தாராவி வரை

தாராவியில் வாக்காளர் அட்டை வைத்திருக்கும் தொழிலாளி நாடாளுமன்ற உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கலாம். ஆனால் மறுசீரமைப்புத் திட்டத்தின் கணக்கெடுப்பில் அந்த அட்டை மட்டும் போதாது. 2000 ஜனவரி 1க்கு முன்பே தரைத்தளத்தில் குடியிருந்ததற்குச் சான்று இருந்தால் தாராவிக்குள்ளேயே 350 சதுர அடி வீடு, இலவசமாக. அதன் பிறகு 2011 ஜனவரி 1க்குள் வந்தவர் என்றால் தாராவிக்கு வெளியே, இரண்டரை லட்சம் ரூபாய் விலையில். மாடியில் குடியிருப்பவர் என்றால் அவருக்கும் வெளியேதான், அதுவும் வாடகைக் கணக்கில். ஒரே சந்து, ஒரே குழாயடி, மூன்று வகைக் குடிமக்கள்!

மக்களை இவ்வாறு தரம் பிரிப்பது மும்பை அதிகாரிகளின் கண்டுபிடிப்பு அன்று. நவீன குடியரசின் தாயகம் என்று முதலாளித்துவ அறிஞர்கள் ஓயாது புகழும் அமெரிக்காவின் பிறப்பிலேயே அது இருந்தது.

விடுதலை பெற்ற அமெரிக்கர்களின் முதல் தேசிய அரசாங்கம் 1781இல் நடைமுறைக்கு வந்த கூட்டமைப்பு விதிகளின்படி அமைந்தது. அதற்கு வரி விதிக்கும் அதிகாரம் இல்லை. தனி நிர்வாகத் தலைவர் இல்லை. ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒரே வாக்கு. மன்னரை விரட்டியவர்கள் இன்னொரு மன்னரை விரும்பாததில் நியாயம் இருந்தது. ஆனால் போரில் இரத்தம் சிந்திய சிப்பாய்க்குச் சம்பளத்துக்குப் பதிலாகக் கிடைத்தவை கடன் பத்திரங்கள். வயிற்றுப்பாட்டுக்கு அவற்றை அடிமாட்டு விலைக்கு விற்றான். ஊக வணிகர்கள் வாங்கிக் குவித்தனர். மாசசூசெட்ஸில் வரியை நாணயமாகவே கட்டச் சொன்னார்கள். கட்ட முடியாதவரின் நிலம் ஏலத்துக்குப் போனது. கடன்பட்டவர் சிறைக்குப் போனார். 1786இல் விவசாயிகள் திரண்டு நீதிமன்றங்களை நடக்கவிடாமல் தடுத்தனர். அவர்களின் தலைவர்களில் ஒருவரான டேனியல் ஷேஸ் விடுதலைப் போரில் கேப்டனாக இருந்தவர். அவர்களை ஒடுக்குவதற்கான படைக்குப் பாஸ்டன் வணிகர்கள் தங்கள் பையிலிருந்து பணம் கொடுத்தார்கள். 1787 ஜனவரியில் ஸ்பிரிங்ஃபீல்ட் ஆயுதக் கிடங்கின் முன்பு பீரங்கி வெடித்தது. கிளர்ச்சியாளர்கள் நால்வர் மாண்டனர்.

அந்த அச்சம் அடங்குவதற்குள், அதே ஆண்டு மே மாதம், பிலடெல்பியாவில் அரசமைப்பு மாநாடு கூடியது. உருவான அரசமைப்பு மக்களின் பெயரால்தான் தொடங்குகிறது. ஆனால் அடிமைகளில் ஐந்தில் மூன்று பங்கினரே கணக்கில் சேர்க்கப்பட்டனர். அதுவும் எஜமானர்களின் இடங்களைக் கூட்டுவதற்காக. பெரும்பாலான மாநிலங்களில் வாக்களிக்கச் சொத்து வேண்டும், இல்லையேல் வரி கட்டியிருக்க வேண்டும். 1790இல் ஹாமில்டனின் திட்டப்படி பழைய கடன் பத்திரங்கள் முழு மதிப்பில் ஏற்கப்பட்டபோது, லாபம் சிப்பாய்க்கு அல்ல, பத்திரத்தைக் கையில் வைத்திருந்த வணிகனுக்கே போய்ச் சேர்ந்தது.

இந்தியக் குடியரசு இந்த ஓர் இடத்தில் அமெரிக்காவை விஞ்சியே பிறந்தது. 326ஆவது பிரிவு வாக்குரிமைக்குச் சொத்தும் கேட்கவில்லை, எழுத்தறிவும் கேட்கவில்லை. அது மேலிருந்து இறங்கிய கொடை அன்று. 1946 பிப்ரவரியில் மும்பைத் துறைமுகத்தில் கிளர்ந்தெழுந்த கடற்படையினருக்கும், அவர்களுக்காக வேலைநிறுத்தம் செய்து தெருக்களில் சுடப்பட்ட தொழிலாளர்களுக்கும் அதில் பங்குண்டு. (அந்தக் கடற்படையினரைச் சுதந்திர இந்தியாவின் முதல் அரசாங்கம் பணியில் திரும்பச் சேர்த்துக்கொள்ளவில்லை, இங்கும் ஷேஸ்களுக்குப் பஞ்சமில்லை.) மாட்டுங்காவை அடுத்த தாதர் இந்து காலனியில் வீடு கட்டி வாழ்ந்த அம்பேத்கர், 1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில் எச்சரித்ததும் இதைத்தான்: அரசியலில் சமத்துவமும் பொருளாதாரத்தில் ஏற்றத்தாழ்வும் நெடுநாள் சேர்ந்திருக்க முடியாது.

பிலடெல்பியா வாசலில் நிறுத்திய சொத்துத் தகுதியை மும்பை கொல்லைப்புறமாக உள்ளே விடுகிறது. தாராவியின் சதுப்பு நிலத்தை மேடாக்கியவர்கள் யார்? திருநெல்வேலியிலிருந்து வந்த தோல் பதனிடும் தொழிலாளர்கள், சௌராஷ்டிரத்துக் குயவர்கள், எல்லோருக்கும் முன்பே இருந்த கோலி மீனவர்கள். இன்று பக்கத்தில் பாந்த்ரா குர்லா வளாகம் நிற்கிறது. நிலத்தின் விலை வானைத் தொடுகிறது. உடனே அதன் உரிமையாளர்கள் மாறிவிட்டார்கள். 2022 நவம்பரில் 5,069 கோடி ரூபாய் ஏலத்தொகையில் அதானி குழுமம் இத்திட்டத்தைப் பெற்றது. திட்ட நிறுவனத்தில் அதானிக்கு 80 சதவீதம், மாநில அரசுக்கு 20 சதவீதம். குடிசைவாசிகளின் ஒப்புதல் இங்கு தேவையில்லை என்று அரசு விதிவிலக்கும் அளித்துவிட்டது. அவ்வேளையில் மும்பை மாநகராட்சியில் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமே இல்லை. 2022 மார்ச்சில் பதவிக்காலம் முடிந்த பின் நிர்வாகியின் ஆட்சிதான். கேட்க வேண்டிய மக்களையும் கேட்கவில்லை, கேள்வி கேட்க வேண்டிய மன்றமும் கூடவில்லை.

வெளியேற்றப்படுவோர் எங்கே போவது? செம்பூரை அடுத்த தேவ்னார் குப்பைமேட்டில் 124 ஏக்கர் ஒதுக்கப்பட்டிருக்கிறது. 1927 முதல் இந்நகரத்தின் குப்பை கொட்டப்பட்டு வரும் இடம் அது.

ஆகவே தாராவியின் கோரிக்கை சதுர அடிக் கணக்கோடு முடிந்துவிடாது. தகுதித் தேதிகள் அனைத்தும் நீக்கப்பட வேண்டும். மாடியில் இருப்பவரும் தரையில் இருப்பவரும் தாராவிக்குள்ளேயே வீடு பெற வேண்டும். தோல் பட்டறைக்கும், இட்லி சுட்டு விற்கும் குடும்பத்துக்கும், குயவரின் சூளைக்கும் தொழிலிடம் எழுத்துபூர்வமாக உறுதி செய்யப்பட வேண்டும். கணக்கெடுப்புப் பட்டியல் தமிழிலும் மராத்தியிலும் இந்தியிலும் ஒவ்வொரு சந்திலும் ஒட்டப்படும் வரை, எந்தப் படிவத்திலும் கையொப்பம் கேட்க அரசுக்கு உரிமை இல்லை.