விளையாட்டுச் சுவருக்கு வண்ணம் பூச விண்டோஸ் எதற்கு?

"லினக்ஸ் எல்லாம் ஆபீஸ் வேலைக்கு, சர்வருக்கு. கேம் பக்கம் போகணும்னா விண்டோஸ்தான்." புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய எவரும் ஒரு தடவையாவது இந்த அறிவுரையைக் கேட்டிருப்பீர்கள். சென்ற பௌர்ணமிக்கு அடி அண்ணாமலையில் அக்கா வீட்டில் நானும் கேட்டேன். சொன்னவர் நேரில் இல்லை. அவர் சொன்னதை அப்படியே ஒப்பித்தது எட்டாவது படிக்கும் என் அக்கா மகன்.

விஷயம் இதுதான். நான் பிளஸ் டூ படித்தபோது அரசு கொடுத்த விலையில்லா லேப்டாப் இப்போது அவனிடம் இருக்கிறது. 2 ஜிபி ராம்தான். பேட்டரி செத்துப் பல வருடம், கரண்ட் இருந்தால்தான் ஓடும். அதில் டெபியன் லினக்ஸ் போட்டுக் கொடுத்திருந்தேன். பையன் அதில் லுவான்டி விளையாடுகிறான். பெர்ட்டு அஹோலா என்ற பின்லாந்துக்காரர் 2010-ல் தொடங்கிய இலவச விளையாட்டு அது. மைன்டெஸ்ட் என்ற பெயரை 2024-ல்தான் மாற்றினார்கள். கட்டம் கட்டமாகக் கல் அடுக்கி ஊரே கட்டலாம். ஆனால் அந்தக் கல் பையனுக்குப் பிடிக்கவில்லை. "நம்ம ஆதி அண்ணாமலையார் கோயில் மதில் கல்லு மாதிரி வேணும் மாமா" என்கிறான். டவுனில் ஒரு சர்வீஸ் கடையில் கேட்டிருக்கிறான். லினக்ஸை அழித்து, விண்டோஸ் போட்டு, போட்டோஷாப்பும் ஏற்றித்தர 500 ரூபாய் என்றார்களாம்.

500 ரூபாய்க்கு அவர்கள் ஏற்றித் தருவது காசு கொடுத்து வாங்கிய போட்டோஷாப் அல்ல என்பது உங்களுக்கே தெரியும். அடோபி 2013 முதல் அதைச் சந்தா முறையில்தான் விற்கிறது. பூட்டு உடைத்த சாப்ட்வேரோடு என்னென்ன வைரஸ் கூடவே வரும் என்பதற்கு யாரும் ரசீது தருவதில்லை. விண்டோஸ் கதையும் அப்படித்தான். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. விண்டோஸ் 11-க்கு 4 ஜிபி ராமாவது வேண்டும். ஆக, ஓடிக்கொண்டிருக்கும் மெஷினை ஓடாத மெஷின் ஆக்கத்தான் அந்த 500 ரூபாய்!

டெக்ஸ்சர் என்றால் என்ன என்று முதலில் பார்த்துவிடலாம். கல்யாணப் பந்தலை நினைத்துக்கொள்ளுங்கள். மூங்கில் சட்டம் ஒன்று, அதன்மேல் இழுத்துக் கட்டும் துணி வேறு. விளையாட்டில் தெரியும் சுவர், கார், மரம் எல்லாமே இப்படித்தான். உள்ளே வெறும் சட்டம், மேலே ஒட்டியிருப்பது ஒரு சாதாரணப் படம். அந்தப் படம்தான் டெக்ஸ்சர். துணியை மாற்றினால் பந்தல் மாறிவிடும். சட்டத்தில் கை வைக்க வேண்டாம், புரோகிராம் எழுதவும் வேண்டாம்.

லுவான்டியில் இது பிஎன்ஜி ஃபைல். திறந்து பார்த்தால் 16க்கு 16 புள்ளிகள், தபால்தலையை விடச் சின்னது. லினக்ஸில் இதைத் திருத்த கிம்ப் போதும். இலவசம், விண்டோஸிலும் கிடைக்கும். பையன் செல்போனில் மதிலைப் படம் எடுத்து வந்தான். நீளமும் அகலமும் 4000க்கு 3000 புள்ளிகள். அதை அப்படியே போட்டுப் பார்த்தான். கல் பக்கவாட்டில் நசுங்கியது, விளையாட்டு திக்கித் திணறியது. காரணம் சொல்கிறேன். டிஸ்க்கில் படம் சுருங்கி இருந்தாலும் திரைக்கு வரும்போது ஒரு புள்ளிக்கு 4 பைட் என்று விரிகிறது. 4000ஐ 3000ஆல் பெருக்கி, 4ஆல் பெருக்கிப் பாருங்கள். ஒரே ஒரு கல்லுக்கு 48 எம்பி! சதுரமாக வெட்டி 64க்கு 64 ஆக்கினோம். 16 கேபி-யில் முடிந்தது.

அடுத்து வந்தது ஓரப் பிரச்சினை. பக்கத்தில் பக்கத்தில் கல்லை அடுக்கினால் நடுவே கோடு கோடாகத் தெரிகிறது. கிம்ப்பில் லேயர் மெனு, டிரான்ஸ்ஃபார்ம், ஆஃப்செட் என்று போய், அகலத்திலும் உயரத்திலும் பாதி நகர்த்தச் சொல்லுங்கள். நான்கு ஓரங்களும் படத்தின் நடுவுக்கு வந்துவிடும். அங்கே தெரியும் சிலுவை மாதிரியான கோட்டை க்ளோன் டூலால் பூசி மறைத்தால் வேலை முடிந்தது. பையனுக்கு இதில் ஒரு மணி நேரம் போனது. எனக்கென்னவோ அவன் அன்று படித்த பாடங்களில் இதுதான் உருப்படியானது என்று தோன்றுகிறது.

இன்னொன்று. கிம்ப்பில் 'சேவ்' கொடுத்தால் அதன் சொந்த ஃபார்மட்டில்தான் சேமிக்கும். பிஎன்ஜி வேண்டுமென்றால் 'எக்ஸ்போர்ட்' கொடுக்க வேண்டும். புதியவர்கள் எல்லோரும் இங்கே ஒருமுறை வழுக்கி விழுவார்கள். நானும் விழுந்தவன்தான்.

படத்தை ஹோம் போல்டரில் ஒளிந்திருக்கும் டாட் மைன்டெஸ்ட் போல்டருக்குள், டெக்ஸ்சர்ஸ் என்பதில், புதிதாக ஒரு போல்டர் திறந்து போட வேண்டும். கன்ட்ரோலும் ஹெச்சும் அழுத்தினால் ஒளிந்தவை தெரியும். பழைய ஃபைலைத் தொடவே வேண்டாம். புதிய படத்துக்கு அதே பெயர் இருக்க வேண்டும், அப்போதுதான் உங்கள் படத்தை விளையாட்டு எடுத்துக்கொள்ளும். எல்லாம் செய்தும் எங்களுக்குக் கல் மாறவில்லை. அரை மணி நேரம் தேடினோம். பையன் பெயரின் முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாக அடித்திருந்தான். விண்டோஸில் பெரியதும் சிறியதும் ஒன்றுதான். லினக்ஸில் அவை இரண்டு வேறு பெயர்கள். திருத்தியதும் மதில் எழுந்தது.

லினக்ஸில் எல்லாமே சுலபம் என்று சொல்லி உங்களை ஏமாற்ற மாட்டேன். பெரிய கம்பெனி விளையாட்டுகள் டெக்ஸ்சரை டிடிஎஸ் ஃபார்மட்டில் வைத்திருக்கும். 16 புள்ளிகளை 8 பைட்டில் அடைக்கும் சுருக்குமுறை அதில் வரும், 4 எம்பி படம் அரை எம்பி ஆகிவிடும். அந்தச் சுருக்குமுறைக்குக் காப்புரிமை இருந்ததால் லினக்ஸ் காரர்கள் தனியாக ஒரு லைப்ரரி தேடிப் போட வேண்டியிருந்தது. 2017 அக்டோபரில் அமெரிக்கக் காப்புரிமை காலாவதியானது. அந்த வருடமே மெசா டிரைவரில் அது சேர்ந்துவிட்டது. இப்போது கிம்ப்பே டிடிஎஸ் ஃபைலைத் திறக்கும். ஆனாலும் வேலரன்ட் மாதிரி சில ஆன்லைன் விளையாட்டுகள் லினக்ஸில் ஓடுவதே இல்லை. ஆன்லைன் விளையாட்டில் டெக்ஸ்சரை மாற்றினால் கணக்கே முடங்கலாம், அங்கே கை வைக்காதீர்கள். உங்கள் பிள்ளைக்கு அவைதான் வேண்டும் என்றால் நான் சொல்வதைக் கேட்க வேண்டாம்.

எனக்குள்ள வருத்தம் வேறு. 2011-ல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் வந்த லேப்டாப்பை ஆன் செய்தால் இரண்டு வரி தெரியும். ஒன்று விண்டோஸ், மற்றொன்று பாஸ் லினக்ஸ். சென்னை சி-டாக் நிறுவனம் உருவாக்கி 2007-ல் வெளியிட்ட நம் ஊர்ச் சரக்கு அது. எங்கள் வகுப்பில் அந்த இரண்டாவது வரியை அழுத்திப் பார்த்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். 'இடத்தை அடைக்குது' என்று அழித்தவர்கள்தான் அதிகம். நானும் பொறியியல் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு வரை தொடவில்லை. அதில் விளையாடத் தோதாக ஏதாவது இருக்கிறது, அதைப் பிரித்து மேயலாம் என்று அன்று யாராவது காட்டியிருந்தால் தொட்டிருப்பேன். பையன்கள் கம்ப்யூட்டர் கற்பது வேர்டு டாகுமென்ட் அடித்து அல்ல ஐயா!

புதிய கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் உடனே லினக்ஸுக்கு மாற வேண்டாம். விண்டோஸிலேயே லுவான்டியும் கிம்ப்பும் போட்டு, உங்கள் வீட்டுத் தரையையோ வாசல் கோலத்தையோ ஒரு கல்லில் ஒட்டிப் பாருங்கள். வீட்டில் பழைய மெஷின் கிடந்தால் அதை எடைக்குப் போடும் முன் ஒரு பென் டிரைவில் லினக்ஸ் ஏற்றி ஓடுகிறதா என்று பாருங்கள். ஹார்ட் டிஸ்க்கை அழிக்காமலே பார்க்கலாம்.

அடி அண்ணாமலை மதில் முடிந்துவிட்டது. இப்போது பையனுக்குப் பெரிய கோயில் ராஜகோபுரம் வேண்டுமாம், 11 நிலை, 217 அடி. ஒரு கட்டத்துக்கு எத்தனை அடி என்று வைத்துக்கொள்வது என்பதில் எங்களுக்குள் இன்னும் முடிவாகவில்லை. அடுத்த பௌர்ணமிக்கு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.