நியூ அரைவல்னா புதுசா மச்சி?

டிஸ்கி: தமிழ்நாட்டுச் சட்டப்படி 21 வயசு ஆகாதவங்க இத்தோட நிறுத்திட்டு டீக்கடைக்குப் போகவும். எனக்கு ஆயிடுச்சு, ஆதார் இருக்கு. யாரையும் குடிக்கச் சொல்லி இதை எழுதலை. குடிக்கிறவன் காசு கொடுத்து ஏமாறக் கூடாதுன்னு எழுதறேன்.

நம்ம ஊர்ல பீர் வாங்கப் போறவன் கடையில கேக்குற ஒரே கேள்வி "அண்ணே, கூலிங் இருக்கா?" இருக்குன்னா வாங்குவான். இல்லைன்னா முகத்தைத் தொங்கப் போட்டுக்கிட்டு அதையும் வாங்குவான். அந்த பாட்டில் எப்போ நிரப்பினது, கடைக்கு எப்போ வந்தது, அதுக்கு முன்னாடி எந்தக் குடோன்ல எத்தனை மாசம் வெந்துக்கிட்டு இருந்ததுன்னு ஒருத்தனும் கேட்டு நான் பார்த்ததில்லை.

இதே ஆளைத் திண்டிவனம் ரோட்டோரத்துல தர்பூசணி வாங்க விடுங்க. நாலு பழத்தைத் தூக்கிப் பார்ப்பான், காதுகிட்ட வச்சுத் தட்டுவான், ஒரு துண்டு கீறிக் காட்டச் சொல்லுவான், சிவப்பு பத்தலைன்னா அடுத்த குவியலுக்கு நடையைக் கட்டுவான். மீன் வாங்கினா செவுளைத் தூக்கிப் பார்ப்பான். முருங்கைக்காயை முறுக்கிப் பார்ப்பான். 20 ரூபாய் காய்க்கு இவ்வளவு ஆராய்ச்சி பண்றவன், 200 ரூபாய் பாட்டில்ல மூடிக்குக் கீழயோ லேபிள் ஓரத்துலயோ அச்சடிச்சிருக்குற தேதியைப் பார்க்க மாட்டான். இந்தக் கண்மூடித்தனத்தை நம்பித்தான் ஒரு பெரிய வியாபாரமே ஓடிக்கிட்டு இருக்கு.

சாதா பீர்ல இது ஓரளவுக்கு மறைஞ்சு போயிடும். என் கோபம் கிராஃப்ட் பீர் மேல. விழுப்புரத்துல இருந்தோ திண்டிவனத்துல இருந்தோ பாண்டிச்சேரி சுமார் 40 கிலோமீட்டர். விழுப்புரம் பக்கமிருந்து போனா வளவனூர் தாண்டி மதகடிப்பட்டு வந்தாலே புதுச்சேரி மாநிலம் ஆரம்பிச்சுடும், கடை போர்டுகளும் ஆரம்பிச்சுடும். கொஞ்ச வருஷமா அந்தக் கடைகள்ல கோதுமை பீர், ஐ.பி.ஏ., ஸ்டவுட்னு கலர் கலரா லேபிள் ஒட்டின சரக்கு வந்து உக்காருது. மேல ஒரு ஸ்டிக்கர்: "நியூ அரைவல்".

இந்த ரெண்டு வார்த்தையிலதான் மோசடியே. கடைக்குப் புதுசு வேற, காய்ச்சினது புதுசு வேற. எங்கேயோ காய்ச்சி, லாரியில ஏறி, ரெண்டு குடோன் மாறி, ஸ்டாம்பு வாங்கி, அலமாரிக்கு அஞ்சு மாசம் கழிச்சு வர்ற பாட்டிலும் கடைக்காரருக்கு "புதுசா வந்தது"தான். நாம அதை "புதுசு"ன்னு படிக்கிறோம்.

எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு கடையில (பேர் வேண்டாம், அடுத்த தடவையும் போகணும்) இப்படி ஒரு கோதுமை பீர் கேட்டேன். பஸ்ல போய் பஸ்ல வந்த ஆள் நான், அதையும் சொல்லிடறேன். திருப்பிப் பார்த்தா நிரப்பின தேதி அஞ்சு மாசத்துக்கு முந்தினது. அட்டைப்பெட்டியோட வாசல் ஓரத்துல, வெயில் சாயுற இடத்துல இருந்து எடுத்து, அரை மணி நேரத்துக்கு முன்னாடிதான் ஃபிரிட்ஜ்ல சொருகியிருக்கார். "அண்ணே, இதைவிடப் புதுசு இருக்கா?"ன்னு கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துட்டு, "ஏன் தம்பி, இது என்ன பால் பாக்கெட்டா?" என்றார். பின்னாடி நின்ன நாலு பேர் சிரிச்சாங்க.

அண்ணே, கிட்டத்தட்ட பால் பாக்கெட்தான். அதைத்தான் சொல்ல வர்றேன்.

விஸ்கி, பிராந்தி எல்லாம் காய்ச்சி வடிச்சது. ஆல்கஹால் நாப்பது சதவீதத்துக்குப் பக்கம். அலமாரியில பத்து வருஷம் தூங்கினாலும் பெருசா ஒண்ணும் ஆகாது. பீர் அப்படி இல்லை. தானியத்தை ஊறப்போட்டு முளைகட்டி, கொதிக்க வச்சு, ஹாப்ஸ் பூ போட்டு, ஈஸ்ட் விட்டு நொதிக்க வச்ச சமாச்சாரம். இட்லி மாவுக்குச் சித்தப்பா பையன்னு வச்சுக்கோங்க. அதுக்கு மூணு எதிரி: சூடு, வெளிச்சம், ஆக்சிஜன்.

சூட்டுக்கு பீர் காய்ச்சுறவங்க ஒரு குத்துமதிப்புக் கணக்கு வச்சிருக்காங்க, 3-30-300ன்னு. 32 டிகிரியில 3 நாள், 22 டிகிரியில 30 நாள், 3 டிகிரியில 300 நாள். இந்த மூணும் பீரோட ருசியை ஏறக்குறைய ஒரே அளவுக்குக் கெடுக்கும். இப்போ கத்திரி வெயில்ல விழுப்புரத்தை நினைச்சுப் பாருங்க. வெளியில நாப்பதைத் தொடும். ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட குடோனுக்குள்ள எவ்வளவுன்னு நீங்களே யோசிச்சுக்கோங்க. வெறும் 32 டிகிரின்னு தாராளமா வச்சாலும், ஒரு வாரம் அங்க கிடந்தா ஃபிரிட்ஜ்ல ரெண்டு வருஷம் கிடந்த மாதிரி. அப்புறம் அதை எடுத்து ஐஸ் மாதிரி ஆக்கிக் கொடுத்தா ஆச்சா? வெந்தது வெந்ததுதான். "கூலிங் இருக்கா"ங்கற கேள்வி ஏன் உபயோகம் இல்லாததுன்னு இப்ப புரியுதா? பல்லு கூசுற அளவுக்குக் குளிர்ந்தா நாக்கு மரத்துப் போகும், கெட்ட ருசி தெரியாது. கூலிங்தான் கடைக்காரரோட மேக்கப் பெட்டி.

வெளிச்சம் அடுத்தது. ஹாப்ஸ்ல இருந்து வர்ற கசப்புப் பொருள் வெளிச்சம் பட்டா உடைஞ்சு, ஒரு கந்தக நாத்தமா மாறும். அதைத் தடுக்கத்தான் பழுப்பு பாட்டில். பச்சை பாட்டிலும் வெள்ளை பாட்டிலும் பார்க்க அழகு, பாதுகாப்பு கம்மி. கேன் இருந்தா கேன் உத்தமம், வெளிச்சமே உள்ள போகாது. ஆக்சிஜன் பண்ற வேலை இன்னும் மெதுவானது. மழையில நனைஞ்ச அட்டைப்பெட்டி வாசனை மாதிரி ஒண்ணு வரும். "கிராஃப்ட் பீர்னா இப்படித்தான் மச்சி இருக்கும், பழகணும்"னு அதையும் குடிச்சுட்டு ரசிகன் வேஷம் போடுறவங்க என் கிளாஸ்லயே ரெண்டு பேர் இருக்காங்க. (பேர் சொல்ல மாட்டேன், அட்டெண்டன்ஸ் அவங்க கையிலதான் இருக்கு.)

கிராஃப்ட் பீருக்கு இது ஏன் பெரிய அடி? அதுல நாம காசு கொடுக்குறதே அந்த வாசனைக்குத்தான். ஐ.பி.ஏ.ல முதல்ல ஓடிப் போறது ஹாப்ஸ் வாசனை. கோதுமை பீர்ல வாழைப்பழம், ஆரஞ்சுத் தோல், கொத்தமல்லி விதைன்னு லேபிள்ல எழுதியிருக்கும். சூட்டுல சில மாசம் கிடந்தா அந்த லேபிளை முகர்ந்து பார்த்தாத்தான் உண்டு. 2010, 2011 வாக்குல பெங்களூர்ல டாய்ட், தி பியர் கிளப் மாதிரி இடங்கள் வந்தப்போ அந்த ஊரே கொண்டாடினதுக்கு முக்கியக் காரணம், காய்ச்சுற தொட்டிக்கும் கிளாஸுக்கும் நடுவுல பத்தடி தூரம்தான். அந்தப் பேரை மட்டும் எடுத்துக்கிட்டு, அந்தப் பத்தடியை மறந்துட்டு, பாதி இந்தியாவைச் சுத்தி வந்த பாட்டிலுக்கு டபுள் விலை வாங்குறது எந்த ஊர் நியாயம்? (கெட்டியான, ஆல்கஹால் கூடின சில ஸ்டவுட் வகைகள் வயசானா நல்லா இருக்கும்தான். அதைச் சொல்லி மத்ததை விக்காதீங்க.)

இனி என் பாடத்துக்கு வர்றேன். காமர்ஸ் படிச்சவனுக்கு மொத வருஷமே சொல்லிக் கொடுக்குறது சரக்கிருப்பு மதிப்பீடு. (இந்தச் சரக்கு வேற சரக்கு.) ஃபிஃபோ: முதல்ல வந்தது முதல்ல போகணும். லிஃபோ: கடைசியா வந்தது முதல்ல போகும். லிஃபோவை நம்ம கணக்கியல் தரநிலை ஏ.எஸ்.-2 ஏத்துக்கிறதே இல்லை. ஆனா நம்ம கடை அலமாரி பூரா லிஃபோதான். புது அட்டைப்பெட்டி வந்தா பழசு மேலேயே அடுக்குறாங்க, மேல இருக்கறது வித்துப் போகுது, அடியில இருக்கறது அடுத்த தீபாவளி வரைக்கும் அங்கேயே தவம் இருக்குது. அப்புறம் ஒருநாள் குடோன் காலி பண்ணும்போது அதுவும் முன்னாடி வரும், "நியூ அரைவல்" ஸ்டிக்கரோட.

கெடக்கூடிய பொருளை விக்கிறோம்னு அரசாங்க நடைமுறைக்கே நினைப்பு இல்லைங்கறதுக்கு பீரா 91 கதையைச் சொல்லலாம். 2015ல வந்த கம்பெனி. பங்குச் சந்தைக்குப் போகத் தயாராகி, கம்பெனி பேர்ல இருந்த 'பிரைவேட்'ங்கற ஒத்தை வார்த்தையை எடுத்தாங்க. பேர் மாறினா லேபிள் மாறணும், லேபிள் மாறினா ஒவ்வொரு மாநிலத்துலயும் மறுபடி பதிவு பண்ணணும். மாசக்கணக்குல விற்பனை நின்னு, சுமார் 80 கோடி ரூபாய் சரக்கு வீணாப் போச்சு. உள்ள இருக்குற பீர் அதேதான், ஒரு வார்த்தை மட்டும் கம்மி! பதிவு, முத்திரை, வரி எல்லாத்துலயும் கழுகுக் கண்ணு. பாட்டிலுக்குள்ள இருக்கறதோட வயசு மட்டும் யாருக்கும் வேண்டாம்.

நம்ம பக்கத்துக்கு வாங்க. 2003 நவம்பர்ல இருந்து தமிழ்நாட்டுல சில்லறை மது விற்பனை டாஸ்மாக் கையில. 2023-24ல அரசுக்கு இதுல வந்த வருமானம் 45,855 கோடி ரூபாய். போட்டிக் கடை கிடையாது. பெரும்பாலான கடைகள்ல கம்பி வலைக்கு அந்தப் பக்கம் சரக்கு, இந்தப் பக்கம் கை. காசு உள்ள போன பிறகுதான் பாட்டில் வெளிய வரும். தேதியைப் பார்த்துட்டு வேற கொடுன்னு கேக்குற அமைப்பே இல்லை. 10 சதவீதத்துக்குக் கம்மியா ஆல்கஹால் இருக்குற பானத்துல காலாவதித் தேதி போடணும்னு உணவுப் பாதுகாப்பு விதி இருக்கு. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பொருளோட தரம், அளவு, தூய்மை எல்லாம் தெரிஞ்சுக்கறது வாங்குறவனோட உரிமைன்னு சொல்லுது. காசு கொடுத்த பிறகு தெரிஞ்சுக்கறதுக்குப் பேர் உரிமையா?

பாட்டிலுக்கு 10 ரூபாய் கூட வாங்குறாங்கன்னு புகார் வந்தா பேப்பர்ல வருது, டிவியில விவாதம் நடக்குது. நல்லது. தேதியைப் பத்தி எவனும் பேசறதில்லை. காலி பாட்டிலைத் திரும்ப வாங்குறதுக்கு ஸ்டிக்கர் ஒட்டி, 10 ரூபாய் டெபாசிட் வாங்கி, 2022ல நீலகிரியில ஆரம்பிச்சாங்க. கோர்ட் சொன்னதும் நடந்தது. காலி பாட்டிலுக்கு இவ்வளவு கணக்கு வைக்க முடிஞ்சவங்களால நிறைஞ்ச பாட்டிலுக்கு முடியாதா?

"முடியாது தம்பி, நடைமுறைச் சிக்கல்"னு சொல்லாதீங்க. விடியக்காலை ஆவின் வண்டி வருதே, அது எந்த அரசாங்கம்? அதே வெயில், அதே ரோடு, அதே விழுப்புரம். பால் குளிர வச்சு வருது, பாக்கெட்ல தேதி இருக்கு, நேத்து பாக்கெட்டைக் கொடுத்தா எங்க தெரு ஆயா கடைக்காரரோட ஏழு தலைமுறையை இழுப்பாங்க. பாலுக்கு அந்த ஆயா இருக்காங்க. பீருக்கு ஆயா இல்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

"குடியே கேடு, இதுல பழசென்ன புதுசென்ன?"ன்னு ஒரு கூட்டம் வரும். கேடுதான், நான் மறுக்கலை. விக்கறதை நிறுத்துங்க, நானும் எழுதறதை நிறுத்தறேன். வித்து வருமானமும் வாங்கிக்கிட்டு, வாங்குறவன் தரம் கேட்டா "குடிகாரனுக்கு என்ன ருசி வேண்டிக் கிடக்கு"ன்னு ஒழுக்கம் பேசுறதுதான் எனக்குப் பத்திக்கிட்டு வருது. குடிக்கிறவனுக்குப் போதை மட்டும் போதும்னு முடிவு பண்ணிட்டா, விக்கறவன் ஸ்ட்ராங் பீரையே அடுக்குவான், அதுதான் நடக்குது.

இந்த மாவட்டத்துல இருந்துக்கிட்டு "என்ன குடிக்கிறோம்னு கேக்கறது பணக்காரப் பசங்க வேலை"ன்னு மட்டும் சொல்லாதீங்க. 2023 மே மாசம் மரக்காணம் பக்கத்துல எக்கியார்குப்பத்துல மெத்தனால் கலந்த சாராயம் குடிச்சவங்க செத்தாங்க. விழுப்புரம் மாவட்டத்துல மட்டும் 14 உயிர். பழைய பீரும் அதுவும் ஒண்ணுன்னு சொல்லலை, பழைய பீர் யாரையும் கொல்லாது. ஆனா இது என்ன, யார் பண்ணது, எப்போ பண்ணதுன்னு கேக்குற வழக்கமே இல்லாத இடத்துல எதையும் விக்கலாம்.

இத்தனைக்கும் இந்தப் பழக்கம் நம்மகிட்ட இருந்ததுதான். பனை மரம் நிறைஞ்ச மாவட்டம் இது. கள்ளுக்கு 1987ல இருந்து தடை, அது சரியா தப்பாங்கறது தனிப் பஞ்சாயத்து. ஆனா எங்க ஊர்ப் பெரியவங்களைக் கேட்டுப் பாருங்க. காலையில இறக்கினது இனிப்பு, சாயங்காலம் புளிப்பு, மறுநாள் காடி. இறக்கின நேரம் தெரியாம ஒருத்தரும் வாய் வச்சதில்லை. பதநீர் வாங்கும்போது இன்னைக்கும் "காலையில இறக்கினதா?"ன்னு கேக்கறோமே. அந்தக் கேள்வியைத்தான் மதகடிப்பட்டு கவுன்டர்ல கேட்டு நான் சிரிப்பு வாங்கினேன்.

நான் கேக்கறது பெருசா ஒண்ணும் இல்லை. பாட்டிலைக் கையில வாங்கித் தேதி பார்த்த பிறகு காசு. கிராஃப்ட் பீரை வந்த நிமிஷத்துல இருந்து ஃபிரிட்ஜ்ல வைக்கணும், முடியாதுன்னா வாங்கி வைக்காதீங்க. மூணு மாசம் தாண்டினா விலையைக் குறைச்சுத் தனியா வைங்க, பேக்கரியில நேத்து பன்னுக்குப் பண்றாங்களே அது மாதிரி. "நியூ அரைவல்" ஸ்டிக்கர் ஒட்டணும்னா அதுக்குக் கீழ நிரப்பின தேதியையும் அதே சைஸ்ல ஒட்டுங்க.

அதுவரைக்கும் நண்பர்களே, கவுன்டர்ல போய் நின்னா கூலிங் பத்தி ரெண்டாவதா கேளுங்க. முதல்ல "எப்போ போட்டது அண்ணே?" சிரிப்பாங்க. எனக்குச் சிரிச்ச அந்த நாலு பேர்ல ஒருத்தர், நான் திரும்பி வரும்போது, பாட்டிலை வெளிச்சத்துக்கு நேராப் பிடிச்சுத் தேதியைத் தேடிக்கிட்டு இருந்தார் :-)