சூட்கேஸ், மிதக்கும் தட்டு, சுவரில் நிற்கும் பிளேயர்: ஸ்ட்ரீமிங் காலத்தில் ரெக்கார்டு பிளேயர் ஏன் விற்கிறது?

கையில் இருக்கும் போனில் பத்து கோடிக்கும் மேல் பாட்டு. மாதச் சந்தா ஒரு பிரியாணி காசு. மெட்ரோவில் நின்றுகொண்டே கேட்கலாம்; பிடிக்கலைன்னா விரலால் ஒரு தொடல், அடுத்த பாட்டு வந்துவிடும். இப்படிப்பட்ட காலத்தில், ஒரு பக்கத்துக்கு இருபது நிமிடம் மட்டுமே பாடிவிட்டு, ‘எழுந்து வந்து என்னைத் திருப்பிப் போடு’ என்று காத்திருக்கும் ஒரு கறுப்புத் தட்டுக்கு ஆயிரக்கணக்கில் பணம் கொடுக்க ஆள் இருக்கிறார்கள். அதைச் சுழற்ற ஒரு கருவியும் வாங்குகிறார்கள். அந்தக் கருவி சூட்கேஸ் மாதிரி வருகிறது, சுவரோரம் ஓவியம் மாதிரி செங்குத்தாக நிற்கிறது, சிலவற்றில் தட்டு காந்த சக்தியில் அந்தரத்தில் மிதக்கிறது.

இதில் இன்னொரு வேடிக்கை. இசைத்துறைத் தரவுகளைத் திரட்டும் லூமினேட் நிறுவனம் 2023-ல் வெளியிட்ட அறிக்கைப்படி, அமெரிக்காவில் அதற்கு முந்தைய ஓராண்டில் வினைல் தட்டு வாங்கியவர்களில் பாதிப் பேரிடம்தான் பிளேயரே இருக்கிறது. மீதிப் பாதிப் பேருக்கு அந்தத் தட்டு கேட்பதற்கான பொருள் இல்லை, வைத்திருப்பதற்கான பொருள். பிளேயர் வாங்குபவர்களிலும் எத்தனை பேர் காதுக்காக வாங்குகிறார்கள், எத்தனை பேர் ஷெல்ஃபுக்காக வாங்குகிறார்கள் என்பது நியாயமான கேள்விதான். ஏனென்றால், அழகாக இருக்கும் சில பிளேயர்கள் நீங்கள் காசு கொடுத்து வாங்கிய தட்டுக்கே உலை வைக்கக்கூடியவை.

நிஜமாகவே விற்கிறதா, இல்லை ரீல்ஸ் மாயையா?

விற்கிறது. அமெரிக்க இசைப்பதிவுத் துறைச் சங்கமான ஆர்ஐஏஏ-வின் கணக்கில், 2020-ல் வினைல் வருமானம் சிடி வருமானத்தைத் தாண்டியது. 1986-க்குப் பிறகு அப்படி நடந்தது அதுவே முதல் முறை. 2022-ல் எண்ணிக்கையிலும் முந்தியது: 4.1 கோடி வினைல் தட்டுகள், 3.3 கோடி சிடிகள். 2023-ல் வினைல் 4.3 கோடி, அதன் மூலம் வந்த வருமானம் சுமார் 140 கோடி டாலர்.

ஆனால் இதைப் பார்த்து ‘ஸ்ட்ரீமிங் காலி’ என்று தலைப்பு போடுவது அபத்தம். அதே 2023-ல் அமெரிக்க இசைப்பதிவு வருமானத்தில் 84 சதவீதம் ஸ்ட்ரீமிங்கில் இருந்துதான் வந்தது. வினைல் பங்கு தோராயமாக 8 சதவீதம். வினைல் ஜெயித்தது ஏற்கெனவே படுத்துவிட்ட சிடியை, ஸ்பாட்டிஃபையை இல்லை.

இந்த 8 சதவீதத்தைத் தூக்கிப் பிடிப்பவர்களும் ஆடியோ வெறியர்கள் மட்டுமில்லை. டெய்லர் ஸ்விஃப்ட்டின் ‘மிட்நைட்ஸ்’ ஆல்பம் 2022-ல் நான்கு நிறப் பதிப்புகளாக வந்தது. நான்கையும் வாங்கிப் பின் அட்டைகளைச் சேர்த்து வைத்தால் ஒரு கடிகாரம் கிடைக்கும். முதல் வாரத்திலேயே அமெரிக்காவில் 5.75 லட்சம் தட்டுகள் போயின. அந்த ஆண்டு அங்கே விற்ற ஒவ்வொரு 25 வினைலிலும் ஒன்று அவருடையது. ஒரே ஆல்பத்தை நிறம் மாற்றி மாற்றி விற்பதை 2024-ல் பாடகி பில்லி ஐலிஷ் வெளிப்படையாகவே சாடினார். வினைல் என்பது பிவிசி பிளாஸ்டிக் ஆச்சே.

‘ஸ்டைல்’ பிளேயர் புதுசா?

இல்லவே இல்லை. 1956-ல் ஜெர்மனியின் பிரவுன் நிறுவனம் எஸ்கே4 என்று ஒரு ரேடியோ-ரெக்கார்டு பிளேயரைக் கொண்டுவந்தது. டீட்டர் ராம்ஸும் ஹான்ஸ் குகெலோட்டும் வடிவமைத்தது. மரச்சாமான் மாதிரி கனமான ரேடியோக்கள் இருந்த காலத்தில் வெள்ளை உலோகம், மேலே கண்ணாடி போன்ற மூடி. ‘ஸ்னோ ஒயிட்டின் சவப்பெட்டி’ என்று கிண்டல் செய்தார்கள். அந்தத் தெளிவான மூடிதான் பிறகு வந்த அத்தனை டர்ன்டேபிள்களுக்கும் சீருடை ஆனது.

1980களில் ஜப்பானின் ஆடியோ-டெக்னிகா ‘சவுண்ட் பர்கர்’ என்று ஒன்றை விட்டது. பன்னுக்கு நடுவே கட்லெட் வைப்பது போல நடுவில் தட்டைச் செருகித் தூக்கிக்கொண்டு போகலாம். 2022-ல் நிறுவனத்தின் 60-வது ஆண்டுக்காக, புளூடூத் வைத்து 7,000 மட்டும் மறுபடி செய்தார்கள். மளமளவென விற்றுப்போனது; அடுத்த ஆண்டே வழக்கமான தயாரிப்பாகக் கொண்டுவந்துவிட்டார்கள்.

அதன்பின் வந்தவை இன்னும் குறும்பானவை. சுலோவேனியாவில் இருந்து கிக்ஸ்டார்ட்டர் நிதியில் பிறந்த ‘மேக்-லெவ்’ பிளேயரில், தட்டைத் தாங்கும் வட்டம் காந்தத்தால் மிதக்கிறது. (‘கரன்ட் போச்சுன்னா?’ என்று கேட்கத் தோன்றும். அதற்கும் ஏற்பாடு வைத்திருக்கிறார்கள்.) அமெரிக்காவின் கிராமோவாக்ஸ் தட்டைச் செங்குத்தாக நிறுத்தியது. படுத்திருக்கும் தட்டில் முள் தன் எடையால் உட்காரும். நிற்கும் தட்டில் அது முடியாது என்பதால் ஸ்பிரிங் வைத்து முள்ளை அழுத்துகிறார்கள். ‘ரோக்பிளாக்’ என்ற சின்னப் பெட்டி எல்லாவற்றையும் தலைகீழாக்கியது: தட்டு அசையாமல் மேசையில் கிடக்கும், பெட்டி அதன்மேல் பொம்மைக் கார் மாதிரி சுற்றி ஓடிப் பாடும். வேன் வடிவில் இதே விளையாட்டு ஜப்பானில் 1970களிலேயே வந்துவிட்டது. இசையமைப்பாளர் பிரையன் ஈனோ 2021-ல் செய்ததோ, நிறம் மாறி ஒளிரும் டர்ன்டேபிள். அது விற்பனைக்கு வந்த இடம் ஒரு ஆர்ட் கேலரி.

முள்ளுக்கும் தட்டுக்கும் நடுவில் என்ன நடக்கிறது?

இது புரிந்தால் எந்த பிளேயர் ஆபத்து, எது பரவாயில்லை என்பது தானாகப் புரியும்.

தட்டில் தெரியும் வரிகள் தனித்தனி வட்டங்கள் இல்லை. வெளியில் இருந்து உள்ளே போகும் ஒரே நீளமான பள்ளம். அதன் குறுக்குவெட்டு ‘வி’ வடிவம். ஒரு சுவரில் இடது பக்க ஒலி, எதிர்ச் சுவரில் வலது பக்க ஒலி. எல்பி தட்டு நிமிடத்துக்கு முப்பத்து மூன்றே கால் இல்லை, முப்பத்து மூன்றும் மூன்றில் ஒரு பங்கும் சுற்ற, முள் அந்த வளைவு நெளிவுகளில் ஆடுகிறது. அந்த ஆட்டத்தை கார்ட்ரிட்ஜ் மின்சாரமாக மாற்றுகிறது.

நல்ல கார்ட்ரிட்ஜ் ஒன்றரை முதல் இரண்டரை கிராம் வரை அழுத்தினால் போதும். விலை குறைந்த சூட்கேஸ் பிளேயர்களில் பெரும்பாலும் இருப்பது செராமிக் கார்ட்ரிட்ஜ். அது 5 கிராம் அளவுக்கு அழுத்தும். ஐந்து கிராம் என்ன பெரிய எடையா? கண்ணுக்கே தெரியாத முனையில் அத்தனையும் இறங்கும்போது அது பெரிய எடைதான். அந்த முள் பல மாடல்களில் வைரம் இல்லை, செயற்கை நீலக்கல் அல்லது சிவப்புக்கல். சீக்கிரம் தேயும். தேய்ந்த முள் பள்ளத்தைத் தடவாது, சீவும். போதாததற்கு, ஸ்பீக்கரும் அதே பெட்டிக்குள். அதன் அதிர்வு முள்ளுக்கே திரும்பி வரும். பாஸ் அதிகமான பாட்டில் முள் துள்ளுவது அதனால்தான்.

ஒரே தடவை போட்டால் தட்டு செத்துவிடும் என்று இணையத்தில் பயமுறுத்துவது மிகை. ஆனால் நான்காயிரம் ரூபாய் ஆல்பத்தை தினமும் போட்டுக் கேட்க அது சரியான கருவி இல்லை.

‘அனலாக் சுகம்’ - எவ்வளவு நிஜம்?

இங்கேதான் சந்தைப்படுத்தலும் உண்மையும் பிரிகின்றன. புளூடூத் பிளேயரை எடுத்துக்கொள்ளுங்கள். முள் தரும் அனலாக் சிக்னலை உள்ளே இருக்கும் சிப் டிஜிட்டலாக மாற்றி, சுருக்கி, காற்றில் அனுப்புகிறது. ஹெட்போன் அதை மறுபடி விரித்து உங்கள் காதில் போடுகிறது. அதாவது போனில் நடப்பதேதான். முன்னால் ஒரு தட்டு சுற்றுகிறது, அவ்வளவுதான். தவறு என்று சொல்லவில்லை. ‘டிஜிட்டல் கலக்காத ஒலி’ என்று சொல்லிக்கொண்டு அதை விற்பதுதான் நெருடுகிறது.

தட்டுக்குள்ளேயே டிஜிட்டல் இருக்கலாம். முழு அனலாக் என்று நம்பி ரசிகர்கள் பெரிய விலை கொடுத்த அமெரிக்காவின் மொபைல் ஃபிடலிட்டி பதிப்புகளில், நடுவில் ஒரு டிஜிட்டல் கட்டம் இருந்தது 2022-ல் வெளியே வந்தது. வழக்கு போட்டார்கள், சுமார் 2.5 கோடி டாலரில் சமரசம் ஆனது. இதில் கவனிக்க வேண்டியது: காது கூர்மையானவர்கள் என்று பெயரெடுத்தவர்களே அதுவரை அந்தத் தட்டுகளைப் புகழ்ந்துகொண்டிருந்தார்கள்.

மெல்லிய ஒலிக்கும் பெருத்த ஒலிக்கும் இடையிலான வீச்சில் சிடி சுமார் 96 டெசிபல். வினைல் 70-ஐ எட்டுவதே கஷ்டம். அளவுகோல் வைத்துப் பார்த்தால் வினைல் தோற்கும். கீறல் சத்தம், கதகதப்பு என்று பிடித்துப்போவது ரசனை. ரசனைக்கு டெசிபல் கணக்கு தேவையில்லை, ஆனால் அதைத் தொழில்நுட்ப மேன்மை என்று சொல்ல வேண்டாம்.

அப்புறம் ஏன் வாங்குகிறார்கள்?

என் பார்வையில், ஒலியைவிட வலுவான காரணம் சொந்தம். ரெஸ்ஸோ ஆப் ஞாபகமிருக்கா? 2024 ஜனவரி 31-ம் தேதி இந்தியாவில் கடையைக் கட்டியது. அதே ஆண்டில் ஏர்டெல்லின் விங்க் மியூசிக்கும் மூடப்பட்டது. 2023 மார்ச்சில் உரிமப் பேச்சு முறிந்ததால் ஜீ மியூசிக் பாட்டுகள் ஸ்பாட்டிஃபையில் இருந்து சில காலம் காணாமல் போயின. வருஷக் கணக்கில் சேர்த்த பிளேலிஸ்ட் ஒரே இரவில் சாம்பல் நிறமானதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், சந்தா கட்டியது பாட்டுக்கு இல்லை, அனுமதிக்கு என்று.

கலைஞர்கள் பக்கமும் இதே கதை. ஒரு ஸ்ட்ரீமுக்குக் கிடைப்பது ஒரு சென்ட்டுக்கும் கீழே. 2024 முதல், ஓராண்டில் 1,000 ஸ்ட்ரீமைத் தொடாத பாட்டுக்கு ஸ்பாட்டிஃபை ராயல்டியே ஒதுக்குவதில்லை. கச்சேரி முடிந்ததும் வாசலில் விற்கும் நூறு தட்டுகள் ஒரு சின்ன பேண்டுக்கு ஏன் முக்கியம் என்பதற்கு வேறு விளக்கம் வேண்டாம். ஆனால் தட்டு அடிக்கும் ஆலைகள் குறைவு. மூலத் தட்டு வெட்டப் பயன்படும் லேக்கர் வட்டுகளைச் செய்த ஆலைகள் உலகிலேயே இரண்டுதான் இருந்தன. அதில் ஒன்று 2020 பிப்ரவரியில் கலிஃபோர்னியாவில் எரிந்துபோனது. தேவை கூடிய பிறகு பெரிய நட்சத்திரங்களின் லட்சக்கணக்கான ஆர்டருக்குப் பின்னால் சின்ன பேண்டுகள் மாதக்கணக்கில் வரிசையில் நின்றார்கள்.

நம்ம ஊரில்?

நமக்கும் தட்டுக்குமான உறவு பழசு. வினைலுக்கு முந்தைய 78 ஆர்பிஎம் தட்டுகள் அரக்கில் செய்யப்பட்டவை. உலகத்துக்கு அரக்கு பெருமளவு போனது இந்தியாவில் இருந்து. ஏ.வி.மெய்யப்பன் படத்தயாரிப்புக்கு வரும் முன் மதராஸில் நடத்தியது சரஸ்வதி ஸ்டோர்ஸ் என்ற இசைத்தட்டு வியாபாரம். கொல்கத்தாவின் டம்டம்மில் எச்எம்வி தட்டுகள் அடித்த கிராமபோன் கம்பெனிதான் இன்றைய சரிகம. அந்த சரிகமவே 2017-ல் ‘கார்வான்’ விட்டபோது, பழைய ரேடியோ உருவத்துக்குள் 5,000 டிஜிட்டல் பாட்டை வைத்தது. அப்பா அம்மாவுக்குப் பரிசாக அதை வாங்கிக் கொடுத்த தலைமுறைதான் இன்று தனக்கென்று சூட்கேஸ் பிளேயர் பார்க்கிறது.

அதனால் நம் வீடுகளில் ஒரு தனிப் பிரச்சினை உண்டு: பரணில் தாத்தாவின் தட்டுகள் இருக்கும். அவை எல்பியா, 78-ஆ என்று முதலில் பாருங்கள். 78 தட்டின் பள்ளம் எல்பி பள்ளத்தைவிட அகலம். அதற்கு வேறு முள் வேண்டும். பல சூட்கேஸ் பிளேயர்களில் 78 என்று வேகப் பொத்தான் இருக்கும், முள் மட்டும் எல்பிக்கானதாகவே இருக்கும். வேகம் சரியாகும், முள் பள்ளத்தின் அடியில் உரசிக் கரகரக்கும். கீழே போட்டால் 78 அப்பளம் மாதிரி நொறுங்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

இன்னும் மோசமானது பித்தளைக் குழல் வைத்த கிராமபோன். அலங்காரப் பொருளாக நிறையக் கிடைக்கிறது. அதன் இரும்பு ஊசி 78 தட்டுக்கானது. ஊசியே தேயட்டும் என்று அந்தத் தட்டுகளில் அரைக்கும் பொடி கலந்திருந்தார்கள், ஒரு பக்கம் முடிந்ததும் ஊசியை மாற்றுவார்கள். அதில் வினைல் எல்பியைப் போட்டால், உழவு ஓட்டிய மாதிரி ஆகிவிடும். இளையராஜா எல்பியை அதன்மேல் வைத்து போட்டோ எடுங்கள், சாவி மட்டும் கொடுக்காதீர்கள்.

வாங்குவதாக முடிவு செய்துவிட்டால் கடையில் கேட்க வேண்டியவை சில. கார்ட்ரிட்ஜ் செராமிக்கா, மூவிங் மேக்னட்டா? முள் வைரமா, தனியாக மாற்றிக்கொள்ள முடியுமா, மாற்று முள் இந்தியாவில் கிடைக்கிறதா? டோன் ஆர்மின் பின்னால் எடையைச் சரிசெய்யும் வசதி இருக்கிறதா? வெளி ஸ்பீக்கர் மாட்ட இணைப்பு உண்டா, அதற்கான ஃபோனோ ப்ரீஆம்ப் உள்ளேயே இருக்கிறதா? இதற்கு விற்பனையாளர் நிறத்தைப் பற்றி மட்டும் பதில் சொன்னால் அடுத்த கடைக்குப் போகலாம். வாங்கி வந்த தட்டை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல் புத்தகம் மாதிரி நிறுத்தி வையுங்கள். மே மாதத்தில், நிறுத்தி வைத்த காருக்குள் அதை விட்டுவிட்டு மட்டும் போகாதீர்கள். திரும்பி வரும்போது தட்டு அலை அலையாக வளைந்திருக்கும், எந்த பிளேயரும் அதைப் பாடவைக்க முடியாது.