மச்சான் பிடித்த கயிறு

ஓய்வு பெற்ற பிறகும் எனக்கு ஒரு வேலை மிச்சம் இருக்கிறது. மனு எழுத வேண்டும், படிவம் நிரப்ப வேண்டும் என்று திரேஸ்புரம் பக்கத்திலிருந்து யாராவது வீடு தேடி வருவார்கள். முப்பது வருஷத்துக்கு மேல் அரசு அலுவலகத்தில் குமாஸ்தாவாகக் கோப்பு கட்டியவனுக்கு அது ஒரு சுகம்தான். போன மாதம் வந்தவர் ஃபைபர் படகு வைத்திருக்கும் ஒரு தம்பி. மகளின் உதவித்தொகைப் படிவத்தோடு வந்தார். கெண்டைக்காலில் பெரிய கட்டு.

"என்ன தம்பி, கால்ல?"

"விசிறி உரசிட்டு சார். தப்பிச்சதே பெரிசு."

விடியற்காலையில் வலை விடப் போயிருக்கிறார். அணியத்தில் சித்தப்பா மகன் படுத்துத் தூங்குகிறான். பின்னால் இவர் இன்ஜின் கைப்பிடியைப் பிடித்து ஓட்டுகிறார். கச்சான் காற்று. பக்கவாட்டில் வந்த ஒரு அலை தூக்கிப் போட்டதில் ஆள் கடலுக்குள். படகு நேராகப் போய்விடும், பிறகு தம்பி திருப்பிக்கொண்டு வருவான் என்று நினைத்திருக்கிறார். படகு போகவில்லை. இவரைச் சுற்றி வட்டம் போட ஆரம்பித்துவிட்டது. இரண்டு முறை விலகிவிட்டார். மூன்றாவது முறை தலைக்கு நேராக வந்தபோது முங்கியிருக்கிறார். அப்போது உரசியதுதான் கால். அதற்குள் சின்னவன் விழித்து, தவழ்ந்து பின்னால் போய் இன்ஜினை அணைத்திருக்கிறான்.

"முத்துக்குளிச்ச வம்சம்லா சார், முங்கித் தப்பிச்சேன்" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"இன்ஜினோட ஒரு சிவப்புச் சுருள் கயிறு குடுத்திருப்பாங்களே?"

"இருக்கு சார். இன்ஜின்லயே சுத்திக் கட்டிப் போட்டிருக்கேன். பிளாஸ்டிக் கவரக்கூடப் பிரிக்கல."

டி.வி. ரிமோட்டுக்குக் கவர் போட்டு வைக்கும் பழக்கம் நமக்கெல்லாம் உண்டு. ஆனால் இது அந்த மாதிரிச் சாமான் இல்லை. அழுக்காக வேண்டும், தேய வேண்டும், வருஷத்துக்கு ஒன்று மாற்ற வேண்டும். புதுசாகவே இருந்தால் அது வேலை செய்யவில்லை என்று அர்த்தம்.

படகுக்குப் போகாத அன்பர்களுக்காக விளக்குகிறேன். அவுட்போர்டு இன்ஜினில் ஒரு சுவிட்ச் இருக்கும். அதில் ஒரு சின்னக் கொண்டி மாட்டியிருந்தால்தான் இன்ஜினில் பொறி விழும், ஓடும். அந்தக் கொண்டியில் கயிற்றின் ஒரு முனை, ஓட்டுகிறவர் உடம்பில் மறு முனை. ஆள் விழுந்தால் கயிறு இழுபடும், கொண்டி கழன்றுவிடும், பொறி நின்று இன்ஜினும் நிற்கும். அவ்வளவுதான் சூத்திரம். பெட்ரோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டும் இன்ஜினுக்கும் இதே கதைதான். கைப்பிடியை விட்டால் இன்ஜின் ஒரு பக்கமாகத் திரும்பிக்கொள்ளும். அதனால்தான் படகு வட்டமடிக்கிறது. முழு வேகத்தில் விசிறி நிமிஷத்துக்கு 2,000 தடவைக்கு மேல் சுற்றும். அதன் முன்னால் நீச்சல் தெரிந்தவர், தெரியாதவர் என்ற வித்தியாசம் கிடையாது.

நான் காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்தவன். இங்கிலீஷில் இந்தக் கயிற்றுக்குக் கில் கார்டு என்று பெயர், இன்ஜினைக் கொல்லும் கயிறாம். பிரெஞ்சில் இந்தச் சாதனத்தை 'கூப்-சிர்க்குயி' என்கிறார்கள், மின்சுற்றை வெட்டுவது என்று பொருள். இரண்டுமே இன்ஜினுக்கு என்ன ஆகிறது என்பதைத்தான் சொல்கின்றன. மனிதனுக்கு என்ன ஆகிறது என்பதைச் சொல்லும் பெயர் நம் கடற்கரையில்தான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

நான் இளவயதில் தூத்துக்குடிக்கு மாமா வீட்டுக்கு வந்தபோது, 1961-ல் நடந்த கடைசி முத்துக்குளிப்பைப் பற்றிப் பேசாத கிழவர்கள் இங்கே இல்லை. குளிப்பவர் கல்லைக் காலில் பிடித்துக்கொண்டு இறங்குவார். மேலே தோணியில் ஒருவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பார். கீழேயிருந்து ஒரு இழுப்பு வந்தால் உடனே தூக்க வேண்டும். மூச்சுப் பிடிப்பதெல்லாம் சுமார் ஒரு நிமிஷம். அந்த நேரத்தில் கயிறு பிடிப்பவர் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தேடினால் கீழே இருப்பவர் கதை முடிந்தது. அதனால் மச்சானைத்தான் கயிறு பிடிக்க வைப்பார்கள், தன் அக்கா தங்கச்சி தாலி அறுவதை எந்த மச்சானும் சம்மதிக்க மாட்டான் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

இன்றைக்கு ஃபைபர் படகில் இரண்டு பேர், மூன்று பேர் போகிறார்கள். சில நாள் ஒருவரே போகிறார். கயிறு பிடிக்க மச்சான் இல்லை. அந்தச் சிவப்புக் கயிறுதான் மச்சான். அவரைக் கவரில் சுற்றிக் கட்டிப் போட்டுவிட்டுக் கடலுக்குப் போகிறோம்.

ஏன் மாட்டுவதில்லை என்று அந்தத் தம்பியிடமும், பிறகு கடற்கரையில் நாலைந்து பேரிடமும் கேட்டேன். அவர்கள் சொன்ன காரணங்கள் ஒன்றும் முட்டாள்தனமானவை அல்ல.

முதல் காரணம், வலை வாங்கும்போது காலில் தடுக்குகிறது. வலை வாங்கும்போது கழற்றி வைத்துக்கொள்ளலாம், தப்பில்லை, இன்ஜின் அணைந்திருந்தால். ஓடும்போது மாட்டினால் போதும்.

இரண்டாவது, முகத்துவாரத்தில் அலை உடையும் இடத்தில் தெரியாமல் இழுபட்டு இன்ஜின் நின்றால் படகே கவிழ்ந்துவிடும். இது நிஜமான பயம். புன்னைக்காயல் முகத்துவாரத்தைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் ஆள் தூக்கி எறியப்படுவதும் அதே இடத்தில்தான். கயிறு சரியான நீளத்தில் இருந்தால், உட்கார்ந்த இடத்தில் திரும்பிப் பார்ப்பதற்கெல்லாம் கழலாது.

மூன்றாவதுதான் முக்கியம். "ஓட்டுறவன் கொண்டியோட கடல்ல விழுந்துட்டா, மத்தவங்க எப்படி சார் இன்ஜினைக் கிளப்பி அவனைத் தூக்குறது?" என்று ஒரு பெரியவர் கேட்டார். நல்ல கேள்வி. பதில், படகில் இன்னொரு கொண்டி வேண்டும். அது எங்கே இருக்கிறது என்று படகில் ஏறும் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். இந்த ஒரு மாற்றுக் கொண்டி இல்லாத காரணத்தால் எத்தனையோ பேர் கயிற்றையே ஒதுக்கிவிட்டார்கள் என்பது என் எண்ணம்.

எப்படிப் பார்த்து வாங்குவது? விஷயம் தெரிந்த மெக்கானிக்கிடம் கேட்டும், என் அரைகுறைப் படிப்பை வைத்தும் சொல்கிறேன்.

கொண்டி உங்கள் இன்ஜினுக்கு உரியதாக இருக்க வேண்டும். கம்பெனிக்குக் கம்பெனி வடிவம் மாறும். லூசாக இருந்தால் சும்மா கழலும், இறுக்கமாக இருந்தால் தேவையான நேரத்தில் கழலாது. இரண்டும் ஆபத்து.

சுருளுக்குள்ளே உறுதியான இழை ஓட வேண்டும். வெறும் பிளாஸ்டிக் சுருள் ரப்பர் மாதிரி நீண்டுகொண்டே போகும், அல்லது அறுந்துவிடும். கொண்டியோ சுவிட்சிலேயே இருக்கும். உடம்பில் மாட்டும் கொக்கியின் ஸ்பிரிங் துருப்பிடிக்காத எஃகாக இருக்கட்டும். உப்புத் தண்ணீரில் மற்றதெல்லாம் ஒரு வருஷம் தாங்குவது கஷ்டம்.

கயிறு நீளம் போதவில்லை என்று நைலான் கயிறு சேர்த்துக் கட்டாதீர்கள். நீளம் கூடக்கூட, ஆள் விழுந்த பிறகு இன்ஜின் நிற்க நேரமாகும்.

மாட்டும் இடம் முழங்காலுக்கு மேல் தொடையைச் சுற்றி, அல்லது உறுதியான பெல்ட்டில், லைஃப் ஜாக்கெட்டில். கைலி முனையில் முடிந்து வைத்தால் கைலிதான் படகோடு போகும். அரைஞாண் கயிற்றில் மாட்டியிருப்பதாக ஒருவர் பெருமையாகச் சொன்னார். அது கறுப்பு நூல் ஐயா, அறுந்து போகும் சாமான்!

வெயிலில் வெளுத்து, விறைத்து, வெடிப்பு விட்டால் மாற்றிவிட வேண்டும். நம் ஊரில் தேதி ஞாபகம் வைக்கச் சுலபமான வழி உண்டு. ஆகஸ்ட் 5 பனிமய மாதா திருவிழா. எந்த மதத்துக்காரராக இருந்தாலும் அந்தத் தேதி தூத்துக்குடிக்காரருக்கு மறக்காது. அதற்கு முன் வருஷா வருஷம் புதுக்கயிறு.

கடைசியாக, ஒவ்வொரு நாளும் கரையிலிருந்து கிளம்பு முன் இன்ஜினைக் கிளப்பி, கயிற்றை ஒரு இழுப்பு இழுத்துப் பாருங்கள். இன்ஜின் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் சுவிட்ச் கெட்டிருக்கிறது, உப்பு ஏறியிருக்கிறது. கயிறு புதுசாக இருந்து பிரயோஜனமில்லை.

நீளவால் டீசல் இன்ஜின் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. டீசலில் பொறி கிடையாது. எண்ணெயை அடைத்துத்தான் நிறுத்த வேண்டும். ஆகவே இந்தக் கயிற்றைக் கடையில் வாங்கி அதில் கட்டினால் ஒன்றும் நடக்காது. நிறுத்தும் நெம்புகோலை இழுக்கிற மாதிரி ஏற்பாடு செய்ய முடியுமா என்று நல்ல மெக்கானிக்கிடம் கேளுங்கள்.

"அதெல்லாம் வெள்ளைக்காரன் வேகப்படகு ஓட்டுறதுக்கு சார்" என்பார்கள். அங்கே பாடம் படித்தது எப்படி என்றும் பாருங்கள். 2013 மே மாதம் இங்கிலாந்தில் கார்ன்வால் பக்கம் பாட்ஸ்டோ என்ற இடத்தில் ஒரு குடும்பம், பிள்ளைகளோடு ஆறு பேர், படகில் போனார்கள். படகு திரும்பும்போது ஆறு பேரும் தண்ணீரில் விழுந்தார்கள். ஆளில்லாப் படகு வட்டமடித்து அவர்கள் மேலேயே வந்தது. தகப்பனாரும் எட்டு வயது மகளும் போய்விட்டார்கள். தாயார் ஒரு காலை இழந்தார். படகில் கயிறு இருந்தது. ஓட்டியவர் உடம்பில் மாட்டப்படவில்லை. பிரான்சில், கைப்பிடியால் திருப்பும் இன்ஜின் 4.5 கிலோவாட், அதாவது சுமார் 6 குதிரைத்திறனைத் தாண்டினால் உல்லாசப் படகில் இந்தச் சாதனம் இருந்தே ஆக வேண்டும். அமெரிக்காவில் 2021 ஏப்ரல் 1 முதல் 26 அடிக்குக் குறைந்த உல்லாசப் படகை வேகமாக ஓட்டுபவர் கயிற்றை மாட்டியிருக்க வேண்டும் என்று சட்டம். வாரக் கடைசியில் பொழுதுபோக்கப் போகிறவனுக்கே சட்டம் வேண்டியிருக்கிறது. தினமும் இருட்டில் போகிறவனுக்கு வேண்டாமா?

நான் சட்டம் கேட்கவில்லை. சட்டம் வந்தால் என்ன ஆகும் என்று குமாஸ்தாவுக்குத் தெரியும், ஒரு படிவம் கூடும். மானியத்தில் இன்ஜின் கொடுக்கும்போது ஒரு கொண்டிக்கு இரண்டு கொண்டியாகக் கொடுங்கள். வாங்க வருபவரைக் கையெழுத்து மட்டும் வாங்கி அனுப்பாமல், ஒரு தடவை மாட்டி இழுத்துக் காட்டச் சொல்லுங்கள். 1977 முதல் நம் ஊரில் மீன்வளக் கல்லூரி இருக்கிறது. அந்தப் பிள்ளைகள் ஒரு ஞாயிற்றுக்கிழமை திரேஸ்புரத்திலும் இனிகோ நகரிலும் தருவைகுளத்திலும் வந்து செய்து காட்டினால் கேட்க ஆள் இருக்கிறது. மாற்றுக் கயிற்றுக்கு ஆகும் செலவு, படகுக்காரர் எண்ணெய்க்குக் கொடுக்கும் பணத்தோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை.

படிவத்தை நிரப்பிக் கொடுத்தபோது, தகப்பனார் தொழில் என்ற இடத்தில் 'மீன்பிடித் தொழில்' என்று எழுதினேன். தகப்பனார் உயிருடன் உள்ளாரா என்று அடுத்த கட்டம். 'ஆம்' என்று எழுதிவிட்டு நிமிர்ந்து பார்த்தேன். தம்பியும் அந்தக் கட்டத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாளைக்கே கவரைப் பிரிச்சிருதேன் சார்" என்றார்.

"நாளைக்கு இல்ல தம்பி, இன்னிக்கு. ராத்திரிதானே கடலுக்குப் போற?"

மறுநாள் காலையில் ஃபோன் செய்தார். மாட்டினாராம். வலை வாங்கும்போது கழற்ற மறந்து, எழுந்தபோது ஒரு தடவை தடுக்கியதாம். இன்ஜின் நின்றதாம்.

நின்றதல்லவா, அது போதும்.