திறப்பைப் பறிக்கலாம், வயலைப் பறிக்கலாமா?

நோயாளியின் படுக்கையருகே நள்ளிரவில் விழித்திருப்பவள் தாதி. வைத்தியர் வந்து பார்த்துவிட்டுச் செல்வார். உற்றார் உறவினர் பார்வை நேரம் முடிந்ததும் வெளியேறுவர். விடியும்வரை நோவின் குரலுக்குச் செவிகொடுப்பவள் அவள் ஒருத்தியே. அத்தகையவளின் கையில் ஒப்படைக்கப்பட்ட மருந்தை அவளே களவாக எடுத்துக்கொண்டாள் என்ற செய்தி நம்மைத் திடுக்கிடச் செய்வதில் வியப்பில்லை. ஆயினும், திடுக்கிட்ட மனம் வழங்கும் தீர்ப்பு நீதியான தீர்ப்பாக அமைவது அரிது. ஐக்கிய அமெரிக்காவில் தாதியர் சபைகளின் முன் இடையறாது வந்துகொண்டிருக்கும் இத்தகைய வழக்குகளை இவ்வாரம் ஆராய எடுத்துக்கொண்டோம்.

அமெரிக்கத் தாதி ஒருத்தியின் அனுமதிப் பத்திரத்தைப் பற்றி யாழ்ப்பாணத்துக் கமக்காரனும் வவுனியா ஆசிரியரும் ஏன் சிந்திக்க வேண்டும் எனக் கேட்போர் இருக்கலாம். அந்நாட்டிலிருந்து 1847 இல் இங்கு வந்து, மானிப்பாயில் வைத்தியசாலை நிறுவி, மேலைத்தேய வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்த வைத்தியர் கிறீன் காலந்தொட்டு, அந்நாட்டு வைத்தியத் துறைக்கும் நமக்கும் தொடர்புண்டு. இன்று நம்மவர் பிள்ளைகள் பலர் கடல் கடந்த நாடுகளில் தாதியராகவும் வைத்தியராகவும் கடமையாற்றுகின்றனர். எல்லாவற்றிற்கும் மேலாக, ஒருவர் தொழில் செய்யும் உரிமையை அரசு எப்போது, எம்முறையிற் பறிக்கலாம் என்பது சட்டத்தரணிக்கும் வைத்தியருக்கும் எழுதுவினைஞருக்கும் உழவனுக்கும் பொதுவான கேள்வியாகும்.

முதலிற் குற்றம் யாதென்பதைத் தெளிவாக அறிந்துகொள்வோம். மோபியா, பெந்தனில் போன்ற கடும் நோவகற்றும் மருந்துகள் அமெரிக்க வைத்தியசாலைகளிற் பூட்டிய இயந்திரப் பேழைகளில் வைக்கப்படுகின்றன. யார், எந்நேரத்தில், எந்நோயாளிக்காக, எவ்வளவு எடுத்தார் என்பதை அப்பேழையே பதிவு செய்கிறது. சிறு குப்பியில் உள்ள மருந்து முழுவதும் நோயாளிக்குத் தேவைப்படாவிடின், எஞ்சியதை இன்னொரு தாதியின் கண்முன்னே கொட்டி அழித்து, இருவரும் ஒப்பமிட வேண்டும். இவ்வொழுங்கில் ஓட்டை விழுவது எங்ஙனம்? உடன்பணியாற்றுபவள் வேலை நெருக்கடியில், கொட்டப்படுவதைப் பாராமலே ஒப்பமிடுகிறாள். நோயாளிக்குக் கொடுத்ததாக ஏட்டில் எழுதப்பட்ட மருந்து அவன் உடலைச் சென்றடைவதில்லை. சில வேளைகளில் மருந்தை உறிஞ்சி எடுத்துவிட்டு, அதற்குப் பதிலாக உப்பு நீரை நிரப்பி வைத்தலும் நிகழ்கிறது.

வன்னிக் கமக்காரனுக்கு இதனை விளக்கப் பெரும் பாடம் வேண்டியதில்லை. குளத்துத் துருசின் திறப்பு ஒருவன் கையில் இருக்கிறது. முறை தவறி இரவில் நீரைத் தன் வயலுக்குத் திருப்புகிறான். கடைவாய்க்காலில் இருப்பவனுடைய பயிர் வாடுகிறது. ஏட்டிலோ அவனுக்கு நீர் கொடுத்ததாக எழுதப்பட்டிருக்கிறது! மருந்தைத் திருப்பும் தாதியின் செயலும் இத்தன்மையதே. சத்திர சிகிச்சை முடிந்து நோவினால் துடிப்பவன், 'மருந்து கொடுத்தாயிற்றே' என்ற விடையைத்தான் பெறுகிறான்.

இதனால் விளையும் கேடு நோவோடு நிற்பதுமில்லை. நியூ ஹாம்ஷயர் மாநிலத்தில் பணியாற்றிய வைத்தியசாலைத் தொழில்நுட்ப ஊழியன் ஒருவன் 2012 இல் கைது செய்யப்பட்டான். பெந்தனில் ஊசிகளைத் திருடித் தனக்கு ஏற்றிக்கொண்டு, அதே ஊசிகளை மீண்டும் வைத்தமையால், அவனுடைய இரத்தத்திலிருந்த 'சி' வகை ஈரல் நோய்க் கிருமி பல மாநிலங்களில் 40 இற்கும் மேற்பட்ட நோயாளிகளைப் பற்றிக்கொண்டது. 2013 இல் அவனுக்கு 39 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. அவன் தாதியல்லன், ஆயினும் குற்றத்தின் வழி ஒன்றே. ஓரிடத்தில் ஐயத்துக்குள்ளானவனை மூடிமறைத்து அனுப்பிவிட, அவன் வேறோரிடத்தில் வேலை பெற்றான் என்பதையும் நாம் மறத்தலாகாது. ஆதலின், பொதுமக்களின் பாதுகாப்பே முதலாவது என்பதில் நமக்குக் கருத்து வேற்றுமை கிடையாது.

அதன் பின்னர் எழுவதே சட்டத்தின் கேள்வி. சமஷ்டி ஆட்சி நிலவும் அந்நாட்டில், தாதியரைப் பதிந்து அனுமதிப் பத்திரம் வழங்கும் அதிகாரம் ஒவ்வொரு மாநிலத்துக்கும் உரியது. வட கரோலினா 1903 இல் இதற்கான முதற் சட்டத்தை இயற்றியது. பத்திரத்தை வழங்கிய சபையே அதனை நிறுத்திவைக்கவும் பறிக்கவும் அதிகாரமுடையது. அச்சபையின் அதிகாரத்துக்கு எல்லை உண்டா?

உண்டு என்கிறது அந்நாட்டு உயர் நீதிமன்றம். 1979 இல் நியூயோர்க் மாநிலத்துக் குதிரைப் பந்தயப் பயிற்சியாளன் ஒருவனின் வழக்கு அதன்முன் வந்தது. அவன் பயிற்றிய குதிரையின் உடலில் மருந்து கண்டுபிடிக்கப்பட்டமையால், விசாரணைக்கு முன்னரே அவனுடைய அனுமதிப் பத்திரம் 15 நாட்களுக்கு நிறுத்தப்பட்டது. அனுமதிப் பத்திரம் ஒருவனுடைய உடைமை எனவும், தகுந்த ஆதாரம் இருப்பின் பொதுநலன் கருதி முதலில் நிறுத்திவைக்கலாம் எனவும், ஆனால் தாமதமின்றி விசாரணை நடத்தியே தீரவேண்டும் எனவும் நீதிமன்றம் தீர்த்தது. குதிரை பழக்குபவனுக்கு உள்ள நீதி, நோயாளியைப் பேணுபவளுக்கு இல்லாமற் போகுமா? காணி உறுதி எப்படியோ, தொழில் செய்வோனுக்கு அனுமதிப் பத்திரமும் அப்படியே. உறுதியைப் பறிக்க வருபவன் காரணத்தை எழுத்திற் காட்ட வேண்டும். மறுமொழி கூற இடமளிக்க வேண்டும்.

இன்னொரு தீர்ப்பும் இங்கு நினைவுகூரத்தக்கது. மருந்துப் பழக்கத்துக்கு அடிமையாயிருத்தலையே குற்றமாக்கிய கலிபோர்ணியச் சட்டத்தை அதே நீதிமன்றம் 1962 இல் செல்லாதென்றது. அடிமைப்பட்ட நிலை ஒரு நோய். நோயுற்றிருத்தலுக்காக எவரையும் தண்டிக்க இயலாது என்பதே அதன் சாரம். எனினும் செயல் வேறு, நிலை வேறு. பொய்யுரைத்தோ ஏமாற்றியோ இம்மருந்துகளைப் பெறுதல் 1970 ஆம் ஆண்டுச் சமஷ்டிச் சட்டத்தின்படி 4 ஆண்டுவரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். நோய்க்குச் சிகிச்சையும் செயலுக்குப் பொறுப்பும் ஒரே ஆளிடத்தில் ஒருங்கே வேண்டப்படுவதே இவ்வழக்குகளின் சிக்கல்.

இனி, தாதி ஒருத்தியைக் கற்பனை செய்து பாருங்கள். பதினைந்து ஆண்டு சேவையில் ஒரு குறையும் காணப்படாதவள். நோயாளிகளைத் தூக்கித் தூக்கி முதுகு நொந்தது. வைத்தியர் எழுதிக் கொடுத்த மருந்து பழக்கமாயிற்று. மருந்துச் சீட்டு நின்றபோது, கொட்டவேண்டிய மிச்சத்தில் அவள் கை வைத்தாள். ஒருநாட் காலை, கடமை முடிந்து களைத்திருந்தவளை அதிகாரிகள் அறைக்கு அழைக்கின்றனர். மேசைமேல் பேழையின் பதிவுகள். 'உண்மையை எழுதிக் கொடுத்தால் உதவுவோம்' என்கின்றனர். வெட்கத்தினாலும் அச்சத்தினாலும் அவள் எழுதுகிறாள். தனக்கு முன்னே திறந்திருப்பது ஒரு கதவன்று, மூன்று என்பதை அவள் அறியாள்.

முதலாவது கதவு வேலை கொடுத்தவருடையது. அன்றே வேலை போகிறது. இரண்டாவது, பொலிஸாரும் சமஷ்டி அதிகாரிகளும். மருந்து களவுபோனதைக் கண்ட வைத்தியசாலை ஒரு வேலைநாளுக்குள் சமஷ்டி அதிகாரிகளுக்கு எழுத்தில் அறிவித்தாக வேண்டும். இக்குற்றம் பெருங்குற்றமாகத் தீர்க்கப்பட்டால், சமஷ்டி அரசின் சுகாதாரத் திட்டங்களிற் பணம் பெறும் நிலையங்களில் அவள் குறைந்தது 5 ஆண்டுகள் பணியாற்ற இயலாது. அத்தகைய பணம் பெறாத வைத்தியசாலையை அந்நாட்டிற் காண்பது அரிது! மூன்றாவது கதவு தாதியர் சபை. அறையில் எழுதிக் கொடுத்த அந்த ஒரு தாள் மூன்று கதவுகளுக்குள்ளும் நுழையக்கூடும்.

சில மாதங்களின் பின் சபையிடமிருந்து கடிதம் வருகிறது. இணக்கக் கட்டளை ஒன்றும் இணைக்கப்பட்டிருக்கிறது. ஒப்பமிட்டால் விசாரணையின்றி முடிந்துவிடும் என எண்ணி, முழுவதும் வாசியாமலே ஒப்பமிடுவோர் பலர். அக்கட்டளை பகிரங்கப் பதிவாகிறது என்பதும், மாநிலம் மாறிச் சென்றாலும் தேசியப் பதிவேடு அவளைத் தொடரும் என்பதும் பின்னரே தெரியவரும். சட்டந்தெரிந்த எவரும் இவ்விடத்துக் கூறும் புத்திமதி ஒன்றே: பொய் சொல்லாதே, பதிவுகளைத் திருத்தாதே, கடிதத்துக்கு மறுமொழி அனுப்பாது விட்டுவிடாதே, சட்டத்தரணி ஒருவரைக் காணுமுன் எதிலும் ஒப்பமிடாதே, சிகிச்சையை இன்றே தொடங்கு. இவற்றுட் கடைசியானது சட்டத்துக்காக மட்டுமன்று, உயிருக்காகவும் கூறப்படுவது.

தண்டனை ஒன்றே வழியென நெடுங்காலம் இருந்த நிலை 1980 ஆம் ஆண்டுகளில் மாறத் தொடங்கிற்று. 1982 இல் அமெரிக்கத் தாதியர் சங்கம், பழக்கத்துக்கு ஆளான உடன்தொழிலாளருக்கு உதவுதல் தன் கடமையெனத் தீர்மானித்தது. 1983 இல் புளோரிடா மாநிலம் ஒரு மாற்றுத் திட்டத்தை ஆரம்பித்தது. இன்று பெரும்பாலான மாநிலங்களில் இவ்வகைத் திட்டங்கள் உள்ளன. தானாக முன்வருபவள் வேலையை நிறுத்தி, சிகிச்சை பெற்று, பெரும்பாலும் 3 முதல் 5 ஆண்டுகள் கண்காணிப்பில் இருக்க வேண்டும். எந்நாள் அழைப்பு வருமென அறியாமல் சிறுநீர்ப் பரிசோதனைக்கு ஆயத்தமாயிருத்தல் வேண்டும். வேலைக்குத் திரும்பிய பின்னும் முதற் காலத்தில் மருந்துப் பேழையின் திறப்பு அவளுக்குக் கொடுக்கப்படாது. துருசின் திறப்பைப் பறித்த பின்பும் வயலை உழவனிடமே விட்டுவைக்கும் முறை இது.

இத்திட்டங்கள் குற்றவாளிகளை ஒளித்துவைக்கும் திரை என்று கூறுவோரும் உளர். அவர்கள் கூற்றில் உண்மையே இல்லை என நாம் சொல்ல மாட்டோம். கலிபோர்ணியாவில் தாதியர் மீதான முறைப்பாடுகள் ஆண்டுக்கணக்காக முடிவின்றிக் கிடந்ததையும், மாற்றுத் திட்டத்தில் தேறாதோர் தொடர்ந்து பணியாற்றியதையும் 2009 இற் பத்திரிகைகள் வெளிப்படுத்தின. ஆளுநர் சபையின் பெரும்பாலான உறுப்பினர்களை மாற்ற நேர்ந்தது. அதே மாநிலத்தில் வைத்தியர்களுக்கென இருந்த திட்டம், தணிக்கைகளில் மீண்டும் மீண்டும் குறை காணப்பட்டு, 2008 இல் மூடப்பட்டது. காவலற்ற கருணை நோயாளியைக் காவாது.

மறுபுறத்தில், கருணையின் பெயரால் இழைக்கப்படும் அநீதியும் உண்டு. இந்தியானா மாநிலத்தில், பழக்கத்திலிருந்து மீள்வதற்கு வைத்தியர் விதித்த மருந்தை உட்கொண்டுவந்த தாதி ஒருவருக்கு, அம்மருந்தை நிறுத்தினாலன்றி மாற்றுத் திட்டத்தில் இடமில்லை எனப்பட்டது. மாநிலத் தாதியர் சபை அங்கவீனர் உரிமைச் சட்டத்தை மீறியதாக 2022 இற் சமஷ்டி நீதித் திணைக்களம் முடிவு செய்தது. நோயிலிருந்து மீளச் சொல்லிவிட்டு, மீட்கும் மருந்தை விலக்கச் சொல்வது எவ்வகை நீதி? பரிசோதனைகளின் செலவை வேலையிழந்தவளின் தலையிலேயே சுமத்துவதும் இவ்வகையினதே. கட்டணம் கட்ட இயலாமையால் திட்டத்திலிருந்து விழுபவள் ஒழுக்கத்தில் விழுந்தவளாக எண்ணப்படுகிறாள். செல்வமுடையவளுக்குத் திறந்தும் இல்லாதவளுக்கு அடைத்தும் இருக்கும் வாயிலை நீதியின் வாயில் என எவரும் சொல்லார்.

நமது நிலைப்பாட்டைச் சுருக்கமாகக் கூறுவோம். ஆபத்துக் காணப்பட்ட அன்றே தாதியை மருந்திலிருந்து விலக்குக. விலக்கியபின் விசாரணையைத் தாமதியாதே நடத்துக. அறையில் பெற்ற எழுத்தையன்றிப் பதிவுகளையும் சாட்சிகளையும் ஆராய்க. சிகிச்சையின் செலவு எவளுடைய தொழிலையும் தீர்மானிக்கும் நிலையை ஒழிக்க. தேறியவளுக்குப் படிப்படியாகத் திரும்பும் வழியைத் திறந்து வைக்க; மீண்டும் மீண்டும் நோயாளியை வஞ்சிப்பவளுக்கு அவ்வழியை அடைக்க. பாராமல் ஒப்பமிடும் வழக்கத்தையும், குற்றங்கண்டவனை நற்சான்றோடு வேறிடத்துக்கு அனுப்பும் வழக்கத்தையும் வைத்தியசாலைகள் முதலிற் கைவிடுக.

கடுமையான தண்டனை ஒன்றே மருந்தைக் காக்கும் என நம்புவோர் ஒன்றை எண்ணிப் பார்த்தல் வேண்டும். வாயைத் திறந்தால் வாழ்வே போய்விடும் என்று அஞ்சுபவள் வாயைத் திறப்பாளா? அவளுடைய நிலையை அறிந்த தோழி, ஒரு குடும்பம் தெருவில் நிற்குமே என்றஞ்சி மௌனமாகிறாள். அந்த மௌனத்தின் விலையைக் கொடுப்பவன் படுக்கையில் நோவோடு கிடக்கும் நோயாளியே. திரும்பும் வழி உண்டென்று அறிந்தால் அவள் முந்திப் பேசுவாள். முந்திப் பேசினால் நோயாளி முந்திக் காக்கப்படுவான். ஆகவே தாதிக்கு நீதி வழங்குதலும் நோயாளியைக் காத்தலும் ஒன்றுக்கொன்று பகையாக வேண்டியதில்லை.

தொழில் செய்யும் வாசகர்களே, உங்களுடன் பணியாற்றும் ஒருவர் தடுமாறுவதைக் காணும் நாள் உங்களுக்கும் வரலாம். அன்று அவரை ஒளிக்கவும் வேண்டாம். ஊரெங்கும் தூற்றவும் வேண்டாம். கையிலிருக்கும் திறப்பை வாங்கி வையுங்கள். அவரை வைத்தியரிடத்தும் சட்டந்தெரிந்தவரிடத்தும் அழைத்துச் செல்லுங்கள். நோயாளிக்கும் அவருக்கும் ஒரே வேளையில் செய்யத்தக்க உதவி அதுவே.